முகமூடியா, எலிக்கூண்டா, ரசீதா? சர்வாதிகாரத்தை எதிர்க்கும் மூன்று படங்கள்

மைக்கேல் ராட்ஃபோர்ட் இயக்கிய 'நைன்டீன் எய்ட்டி-ஃபோர்' (1984) படத்தில் அரசாங்கத்திடம் சிக்கிச் சின்னாபின்னமாகும் வின்ஸ்டன் ஸ்மித்தாக நடித்தவர் ஜான் ஹர்ட். 2006-இல் தியேட்டருக்கு வந்த 'வி ஃபார் வெண்டெட்டா'வில் அதே ஜான் ஹர்ட்தான் சர்வாதிகாரி. சுவர் அளவுத் திரையில் முகம் மட்டும் தெரிய, எதிரே உட்கார்ந்திருக்கும் அதிகாரிகளைக் கிழிகிழி என்று கிழிக்கிறார். பழைய படத்தைப் பார்த்தவர்களுக்கு அதில் ஒரு குரூரமான வேடிக்கை உண்டு.

இந்த இரண்டோடு டெர்ரி கில்லியமின் 'பிரேசில்' (1985) படத்தையும் சேர்த்துக்கொள்வோம். மூன்றிலும் ஒருவன் அரசை எதிர்க்கிறான். ஆனால் அந்த அரசின் உயிர் எங்கே ஒளிந்திருக்கிறது என்று கேட்டால் மூன்றும் மூன்று பதில் சொல்கின்றன. எதை முதலில் பார்ப்பது என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். முடிவுகளைச் சொல்லாமல் ஒப்பிட முடியாது, பார்க்காதவர்கள் உஷார்.

'வி ஃபார் வெண்டெட்டா'தான் மூன்றிலும் சுலபமான படம். அரசின் உயிர் சில மனிதர்களிடம் இருக்கிறது: தலைவர், ரகசியப் போலீஸ் தலைவன், தொலைக்காட்சியில் முழங்குபவன், ஒரு பாதிரியார். ஒரு காலத்தில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தைத் தகர்க்க முயன்ற கை ஃபாக்ஸ் என்பவரின் முகமூடி அணிந்த 'வி' அவர்களை ஒவ்வொருவராகத் தீர்க்கிறான். கடைசியில் ஊரே முகமூடி போட்டு வீதிக்கு வருகிறது, உத்தரவு போட ஆள் இல்லாத ராணுவம் வழிவிடுகிறது, நாடாளுமன்றம் வெடிக்கிறது. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மறுநாள் காலையில் ரேஷனை யார் போடுவார்கள் என்ற கேள்விக்குப் படத்தில் இடமே இல்லை. கதையை எழுதிய ஆலன் மூர் தன் பெயரே வேண்டாம் என்று எடுக்கச் சொல்லிவிட்டார். அவருடைய சித்திரக்கதையில் பாசிசத்துக்கும் அரசே வேண்டாம் என்பவனுக்கும் நடந்த சண்டை, படத்தில் அன்றைய அமெரிக்க அரசியல் சண்டையாகச் சுருங்கிவிட்டது என்பது அவர் கோபம். நியாயமான கோபம்.

அதற்காகப் படத்தை ஒதுக்கவும் முடியாது. சிறையில் மொட்டையடிக்கப்பட்ட கதாநாயகி ஈவியின் கையில், சுவர் ஓட்டை வழியாக ஒரு கடிதம் கிடைக்கிறது. கழிப்பறைக் காகிதத்தில், பொடி எழுத்தில், வேலரி என்ற பெண் தன் வாழ்க்கையை எழுதியிருக்கிறாள். ஒரு பெண்ணைக் காதலித்த குற்றத்துக்காக முகாமில் செத்துக்கொண்டிருப்பவள் அவள். அந்தச் சில நிமிடங்கள் படத்தில் வெடிக்கும் எல்லாக் குண்டுகளையும் விடக் கனமானவை. அப்புறம்தான் இடிக்கிறது: ஈவியை அடைத்து வதைத்தது அரசு இல்லை, வி-யேதான். அவளுக்குப் பயம் போகவேண்டுமாம்! அரசு செய்ததையே போராளியும் செய்கிறான். படம் கொஞ்சம் தயங்கிவிட்டு, மழையில் ஈவியை நனையவைத்துக் கடந்துவிடுகிறது.

'நைன்டீன் எய்ட்டி-ஃபோர்' இந்த இடத்தில் தயங்கவே இல்லை. இங்கே அரசின் உயிர் குடிமகனின் மண்டைக்குள் இருக்கிறது. ரிச்சர்ட் பர்ட்டனுக்கு இது கடைசித் திரைப்படம், வெளியாகும் முன்பே இறந்துவிட்டார். வின்ஸ்டனை வதைக்கும் அதிகாரி ஓ'பிரையனாக வரும் அவர் ஒரு தடவைகூடக் கத்துவதில்லை. குடும்ப டாக்டர் மாதிரி மெதுவாகப் பேசிக்கொண்டே வின்ஸ்டனின் வாயிலிருந்து ஒரு பல்லைப் பிடுங்கிக் காட்டுகிறார். வின்ஸ்டனின் முகத்தில் மாட்டும் எலிக்கூண்டு வருவதற்குள் நமக்கே பாதி உயிர் போய்விடுகிறது. கதை நடக்கும் அதே 1984 ஏப்ரல் முதல் ஜூன் வரை லண்டனிலும் சுற்றுப்புறங்களிலும் எடுத்திருக்கிறார்கள். ரோஜர் டீக்கின்ஸ் ஒளிப்பதிவில் நிறமெல்லாம் வெளுத்துப்போய் உலகமே அழுக்குத் துணியாகத் தெரிகிறது. குறை என்றால், மூலக்கதையான ஜார்ஜ் ஆர்வெலின் நாவலைப் படித்தவருக்குப் புதிதாக எதுவும் கிடைக்காது. படிக்காதவருக்கோ முதல் ஒரு மணி நேரம் பொறுமை வேண்டும்.

என் ஓட்டு 'பிரேசில்' படத்துக்கு. அதில் அரசின் உயிர் படிவங்களில் இருக்கிறது. ஒரு ஊழியர் ஈயை அடிக்கிறார், அது அச்சு இயந்திரத்துக்குள் விழுகிறது, தேடப்படும் டட்டிலின் பெயர் பட்டில் என்று அச்சாகிறது. அவ்வளவுதான். கிறிஸ்துமஸ் சமயத்தில் பட்டில் என்ற அப்பாவிக் குடும்பஸ்தனின் வீட்டுக் கூரையை அறுத்துக்கொண்டு ஆட்கள் இறங்கி, அவனைச் சாக்குப் போட்டுக் கட்டித் தூக்கிப்போகிறார்கள். கதறும் மனைவியிடம் ஒரு அதிகாரி கையெழுத்து வாங்கிக்கொண்டு ரசீது கொடுக்கிறார். கணவனைப் பெற்றுக்கொண்டதற்கு ரசீது! விசாரணைச் செலவையும் கைதி தலையில்தான் கட்டுகிறார்கள். தப்பான ஆளிடம் வசூலித்துவிட்டதால் பணத்தைத் திருப்பித் தரும் காசோலையோடு கதாநாயகனான அரசு ஊழியன் சாம் லவ்ரி போய் நிற்கும்போது, அந்தப் பெண் கேட்பது ஒன்றுதான்: உடலை என்ன செய்தீர்கள்?

இங்கே சுட்டுத்தள்ள ஒரு வில்லன் இல்லை. வதை செய்பவன் சாமின் பழைய நண்பன். ரத்தக்கறை படிந்த வெள்ளைக் கோட்டோடு வருகிறான், அவன் சின்ன மகள் அதே ஆபீசில் விளையாடிக்கொண்டிருக்கிறாள். பெரிய புரட்சிக்காரன் என்று பார்த்தால், உரிய படிவம் இல்லாமல் ஹீட்டர் குழாயைப் பழுதுபார்க்கும் அந்த டட்டில்தான் (ராபர்ட் டி நீரோ). சிரிப்பு வருகிறது, ஆனால் எந்த அரசு அலுவலகத்திலாவது கால்கடுக்க நின்றவருக்கு அந்தச் சிரிப்பு தொண்டையிலேயே நின்றுவிடும். வி-யின் கத்தி இந்த அரசை என்ன செய்யும்? பத்து அதிகாரிகளைக் கொன்றாலும் பதினோராவது ஆள் அதே படிவத்தை நீட்டுவான்.

கூட்டமாக உட்கார்ந்து பார்ப்பதென்றால் 'வி ஃபார் வெண்டெட்டா' போடுங்கள், யாரும் கொட்டாவி விடமாட்டார்கள். 'நைன்டீன் எய்ட்டி-ஃபோர்' தனியாகப் பார்க்கவேண்டிய படம், பார்த்த கையோடு சாப்பிட உட்காராதீர்கள். 'பிரேசில்' தேடும்போது மட்டும் நீளத்தைக் கவனியுங்கள். கில்லியமின் படம் 142 நிமிடம். சோகமான முடிவு வேண்டாம் என்று அமெரிக்காவில் யுனிவர்சல் நிறுவனம் வெட்டி ஒட்டிய 94 நிமிடப் பதிப்பும் உலவுகிறது. அதில் சாம் காதலியோடு தப்பித்துவிடுகிறான்.