ஆர்கேட் மொனிற்றரும் யாழ்ப்பாணத்து மாரியும்

எங்கள் விறாந்தையில் நிற்கிற ஆர்கேட் பெட்டி (காசு போட்டு வீடியோ கேம் விளையாடுகிற பெட்டி) ஜப்பானில் ஓடித் தேய்ந்து, பழைய சாமான்களோடு கொழும்புக்கு வந்து, அங்கிருந்து லொறியில் யாழ்ப்பாணம் வந்தது. 20 அங்குலக் கண்ணாடிக் குழாய் மொனிற்றர். வாங்கி நாலு வருடம். அதில் நாலு மாரி.

பெட்டிக்கு வேண்டியது 100 வோல்ற், எங்கள் சுவரில் வருவது 230. கடையில் மலிவாகக் கிடைக்கிற ஓட்டோ ட்ரான்ஸ்போமர் வோல்ற்றைக் குறைக்கும், ஆனால் மெயின்ஸில் இருந்து பிரித்து வைக்காது. என்னுடைய மொனிற்றரின் சேசி, அதாவது அதை ஓட்டுகிற சேர்க்கிட் பலகை, மெயின்ஸோடு நேரே தொடுப்பில் இருக்கிற, தொட்டால் ஷொக் அடிக்கிற ரகம். அதனால் தனித்தனிச் சுருள் உள்ள ஐசோலேஷன் ட்ரான்ஸ்போமர் ஒன்றைச் சொல்லிச் சுற்றுவித்தேன். காசு கொஞ்சம் போனது, போகட்டும்.

முதல் மாரியில் படம் முழுக்கச் சுருங்கி, நடுவில் ஒரே ஒரு வெள்ளைக் கோடாக நின்றது. குழாய் போய்விட்டது என்றுதான் நினைத்தேன். உண்மையில் படத்தை மேலும் கீழும் விரிக்கிற பகுதி வேலை செய்யவில்லை. கதிரை வளைத்துப் படத்தை விரிக்கிற யோக் சுருளின் வயர் வந்து செருகுகிற இடத்தில் ஈயத்தைச் சுற்றி மயிரிழை வெடிப்பு. திரும்ப ஈயம் வைத்ததும் படம் வந்தது. இப்படிக் கோடு விழுந்தால் உடனே நிற்பாட்டிவிட வேண்டும். அந்த வெளிச்சம் ஒரே இடத்தில் நின்றால் கண்ணாடியின் உட்புறத்தில் ஒளிர்கிற பொஸ்பர் பூச்சு கருகிவிடும்.

என்னை உண்மையில் அலைக்கழித்தது போக்கஸ். இரண்டாம் மாரியில் காலையில் போட்டால் எழுத்தெல்லாம் பஞ்சு மாதிரி இருக்கும். பிளைபக்கில் (குழாய்க்கு உயர் வோல்ற் கொடுக்கிற ட்ரான்ஸ்போமரில்) இருக்கிற போக்கஸ் திருகியைத் திருப்பி வடிவாக்குவேன். ஒரு மணித்தியாலம் போனதும் மறுபக்கமாக மங்கிவிடும். திரும்பவும் திருப்புவேன். ஒரு மாதம் இதே வேலைதான். கடைசியில் பழைய ரீவி திருத்துகிற ஐயா ஒருவரைக் கூட்டி வந்தேன். 1990இல் கரண்ட் நின்ற பிறகு, சைக்கிள் டைனமோவில் றேடியோ கேட்ட காலத்திலும் இந்தத் தொழிலை விடாதவர். நான் திருகியில் கை வைக்கவும், "தம்பி, அதை விடும். முதல் சொக்கற்றைப் பாப்பம்" என்றார்.

குழாயின் கழுத்தில் செருகுகிற சொக்கற்றைத் திறந்தால், போக்கஸ் பின் இருக்கிற அறைக்குள் பச்சைக் களிம்பு. அந்தப் பின்னில் ஓடுவது ஆயிரக்கணக்கான வோல்ற். உப்புக் காற்றும் ஈரமும் சேர்ந்து அதைக் கசியவிட, சூடேறச் சூடேறக் கசிவும் மாறியிருக்கிறது. புதுச் சொக்கற் போட்ட நாளில் இருந்து அந்தத் திருகியை நான் தொடவே இல்லை. ஒன்று சொல்ல வேண்டும்: அவர் சொக்கற்றைத் தொட முதல், குழாயின் மேலே இருக்கிற உயர் வோல்ற் உள்ளே போகிற அனோட் மூடியை, சட்டகத்தோடு வயர் பொருத்திய திருப்புளியால் டிஸ்சார்ஜ் செய்தார். அங்கே 20,000 வோல்ற்றுக்குக் குறையாது, நிற்பாட்டிய பிறகும் தேங்கி நிற்கும். பழகாதவர்கள் பின்கதவைத் திறக்காமல் இருப்பதே நல்லது.

மூன்றாம் வருடம் படத்தின் மேல்விளிம்பு மடிந்து, சூடேறிய பிறகுதான் நேரானது. கப்பாசிற்றர்கள் காய்ந்துவிட்டன. எலெக்ட்ரோலிற்றிக் ரகக் கப்பாசிற்றர் எல்லாவற்றையும் 105 பாகைச் சூடு தாங்குகிற ரகத்தில் மாற்றினேன். ஒன்றைத் தலைகீழாகப் போட்டு வெடிக்க வைத்ததும் நான்தான்.

மூலையில் பச்சைத் திட்டு வந்தது மருமகன் பக்கத்தில் கொண்டுவந்து வைத்த ஸ்பீக்கரின் காந்தத்தால். அதை நகர்த்தி, பெட்டியை அரை மணித்தியாலம் ஆறவிட்டுப் போட்டதும் காந்தத்தை நீக்குகிற டீகவுஸ் சுருள் அந்தத் திட்டைத் துடைத்துவிட்டது.

ஜப்பானில் யாரோ வருடக்கணக்காக ஓடவிட்ட விளையாட்டின் புள்ளி காட்டுகிற கட்டம் மட்டும் கண்ணாடியில் இன்னும் நிழலாகத் தெரிகிறது. அதற்கு மருந்தில்லை. இருட்டுக் காட்சி வந்தால் மருமகன் அதைப் பார்த்துத்தான் தன் புள்ளியைச் சொல்கிறான்.