தெர்மல் மோனோகுலர்: மூன்று குளிர்காலமும் ஒரு ‘டக்’கும்

“மாப்ள, அந்த 384 இப்போ பாதி விலைக்கு வருது, வாங்கிடவா?” என்று கூட்டாளி கேட்டான். 384 என்பது சென்சாரின் அகலம், புள்ளிக் கணக்கில்; கேட்டது தெர்மல் மோனோகுலரை, அதாவது இருட்டிலும் உடம்புச் சூட்டைப் படமாகக் காட்டும் ஒற்றைக்கண் கருவியை. அதே வாரத்தில்தான் என்னுடையது, ரிப்பேருக்குப் போய் ஆறு வாரம் கழித்துத் திரும்பி வந்தது. ஷட்டர் பாதியில் சிக்கிக்கொண்டதுதான் கோளாறு. அதனால் இதில் கொஞ்சம் கோபம் இருக்கும், கழித்துக்கொண்டு படிக்கவும்.

வேலை ஒன்றேதான். இங்கிலாந்தில், வேல்ஸ் எல்லையை ஒட்டிய ஹெரிஃபோர்ட்ஷயர் ஆட்டுப் பண்ணைகளில், குட்டி ஈனும் மார்ச், ஏப்ரலில் ராத்திரி நரி பார்ப்பது. ஊரில் செய்தால் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பாயும். இங்கே நிலக்காரர் அனுமதியும் போலீஸ் தரும் துப்பாக்கிச் சான்றிதழும் இருந்தால், செந்நரியைச் சுட வருடத்தில் எந்த மாதமும் தடை கிடையாது. இரண்டு பேர் வேலை: ஒருவர் தெர்மலில் தேடுவார், இன்னொருவர் முக்காலியில் ஏற்றிய பாயின்ட் 223 ரைபிளோடு நிற்பார். ரைபிள் மேல் இருப்பது தெர்மல் இல்லை, டிஜிட்டல் நைட் ஸ்கோப். ஏன் என்று பிறகு.

மற்ற ஸ்பெக்கெல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். அந்த ‘டக்’குக்கு வருகிறேன்.

குளிரூட்டாத சென்சாரில் ஒவ்வொரு புள்ளியும் (பிக்சல்) சூடு ஏற இறங்கத் தன்பாட்டுக்கு அளவு விலகும். அதைச் சரிசெய்ய, உள்ளே ஒரு சின்ன உலோகத் தகடு, அதுதான் ஷட்டர், சென்சார் முன்னால் விழுந்து எழும். ‘டக்’. படம் அரை விநாடிக்கு மேல் உறையும். ஆட்டோவில் விட்டால் இது எப்போது நடக்கும் என்பது நம் கையில் இல்லை. காற்றில்லாத உறைபனி இரவில், நாற்பது மீட்டரில் வேலியோரம் மோப்பம் பிடித்துக்கொண்டிருக்கும் நரி அந்தச் சத்தத்துக்குத் தலை தூக்குகிறது. பனிக்கு அடியில் எலி நகர்வது கேட்கும் காதுக்கு இது பட்டாசு.

சத்தம் ஒரு பங்கு என்றால் உறைதல் இரண்டு பங்கு. தேடுகிறவர் கண்ணில் நரி அசையாமல் நிற்கும். “நிக்குது, நிக்குது” என்பார். திரை உயிர் பெறும்போது நரி நாலு எட்டு தள்ளி, அதன் பின்னால் தாய் ஆடு. ஆகவே எங்கள் கட்டுப்பாடு: தெர்மல்காரர் ‘சுடு’ என்று சொல்லவே கூடாது. இடத்தை மட்டும் சொல்லலாம். அதுவும் பகலிலேயே பேசி வைத்த அடையாளத்தை வைத்து: “கேட்டிலிருந்து ரெண்டு கை இடது, தொட்டிக்கு மேலே.” சுடுவதா வேண்டாமா என்பது ஸ்கோப்பில் கண் வைத்திருப்பவர் பாடு.

டக்கைக் குறைக்க முடியும். வண்டி ஹீட்டரின் சூட்டிலிருந்து நேராக வயலுக்கு எடுத்துப்போனால் முதல் கால் மணி நேரம் டக் டக் என்று உயிரை வாங்கும். கிளம்பும்போதே ஆன் செய்து வண்டிக்கு வெளியே வைத்துவிட்டுப் பூட்ஸ் மாட்டலாம். அதற்குள் சூடு நிலைக்கும். வண்டிக் கண்ணாடி வழியாகப் பார்க்கலாம் என்று நினைக்க வேண்டாம், நீண்ட அலை அகச்சிவப்பு கண்ணாடியைத் தாண்டாது, உன் முகம்தான் தெரியும்.

அப்புறம், மெனுவில் ஆட்டோவை விட்டு மேனுவலுக்கு மாற்றிவிடலாம். படத்தில் கோடு கோடாக அழுக்கு சேர்ந்தால் லென்ஸ் மூடியைப் போட்டு, பட்டனை அழுத்தி, ஒரு விநாடி பொறுத்துத் திறக்க வேண்டும். மூடியைத் தேடச் சோம்பி உள்ளங்கையால் மறைக்காதே. கைச்சூடு எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்காது. அடுத்த முறை சரிசெய்யும் வரை படத்தில் விரல் பேய் உட்கார்ந்திருக்கும். ஆட்டோதான் வேண்டுமென்றால், அடிபட்ட முயல் போல அலறி நரியை வரவழைக்கும் ஊதுவானை விடாமல் ஓட்டினால் அதில் டக் அமுங்கும். ஆனால் நரி எப்படியும் காற்றுக்குக் கீழே, அதாவது நம் வாசனை காற்றில் போகும் பக்கமாகச் சுற்றித்தான் வரும். இடம் போனால் என்ன, வலம் போனால் என்ன என்று இந்த நரியிடம் இருக்க முடியாது. அந்தப் பக்கத்தில்தான் தேடுகிறவர் பார்க்க வேண்டும்.

இப்போது தெர்மல் பக்கத்து நியாயம். விளக்கடித்துத் தேடிய காலத்தில், ஒருமுறை ஒளி பட்டுத் தப்பிய நரி மறுபடி முகம் காட்டாது. தெர்மல் எந்த ஒளியையும் வெளியே விடுவதில்லை. சந்தேகமே வராமல் ஒரு பள்ளத்தாக்கையே இரண்டு நிமிடத்தில் துழாவலாம். நரி முகத்தில் விழிப்பது அதிர்ஷ்டம் என்பார்கள், இது கையில் இருந்தால் தினமும் மூன்று முகம். சுட்ட நரி முழங்கால் புல்லில் விழுந்தால் நேராக நடந்துபோய் எடுக்கலாம். எதிர்பாராத லாபம் வேறு: வாய்க்காலில் விழுந்து கிடந்த ஆட்டுக்குட்டிகளையும் இது கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறது. பண்ணைக்காரருக்கு நரியைவிட அதில்தான் சந்தோஷம்.

ஆனால் கண்டுபிடிப்பது வேறு, அடையாளம் காண்பது வேறு. சென்சாரில் 12 மைக்ரான் புள்ளி, முன்னால் 35 மி.மீ. லென்ஸ்: 300 மீட்டரில் ஒரு புள்ளி சுமார் 10 செ.மீ. வால் நீங்கலாக 70 செ.மீ. நரி ஏழு புள்ளி நீளம், நாலு புள்ளி உயரம். வளை தோண்டி வாழும் குட்டைக்கால் விலங்கான பேட்ஜரும் கிட்டத்தட்ட அவ்வளவே. படுத்திருக்கும் ஆட்டுக்குக் கம்பளி சூட்டை மறைக்கும், முகம் மட்டும் எரியும்; தூரத்தில் அதுவும் பதுங்கிய நரிதான். பகல் வெயில் வாங்கிய கல்லும் மின்னும். நடையைப் பார்க்க வேண்டும்: நரி நேர்கோட்டில் துள்ளுநடை போட்டு, நின்று, காது கொடுக்கும். பேட்ஜர் தரையோடு உருண்டு போகும். நம்மூர்க் கேளையாட்டின் உறவான முன்ட்ஜாக் மான் முதுகை வளைத்து, காலை எடுத்து எடுத்து வைக்கும். பேட்ஜருக்கு 1992 சட்டம் காவல், மானை ராத்திரியில் சுடுவதை 1991 சட்டம் தடுக்கிறது. தவறினால் வருத்தத்தோடு முடியாது, சான்றிதழே போய்விடும்.

டிஜிட்டல் ஸ்கோப் இதற்குத்தான். 850 நானோமீட்டர் அகச்சிவப்பு விளக்கில் முகம், காது, வால் நுனி தெரியும். தெர்மலில் மறைந்துபோகும் முள்கம்பியும் தெரியும், குண்டைத் தாங்க நரிக்குப் பின்னால் மண்மேடு இருக்கிறதா என்பதும் தெரியும். வானத்தை முதுகில் வைத்து நிற்கும் நரியை விட்டுவிடு.

மூடுபனியில் படம் கஞ்சி. குளிரில் இதில் போடும் 18650 உருளை பேட்டரி சீக்கிரம் படுக்கும், மாற்று பேட்டரியை உள்சட்டைப் பையில் உடம்புச் சூட்டில் வைக்கவும்.

சரி மாப்ள, பதில்: வாங்காதே. இன்னும் கூடுதல் புள்ளி உள்ள 640 வாங்கினாலும் பெரும்பாலும் இதே தகடு, இதே டக்தான், தெரியும். இருந்தாலும் வாங்காதே. என்னுடையதை விற்கிறேனா என்று கேட்காதே, விற்கவில்லை.

கேட்க மாட்டாய் என்றால், போய்ப் பார்க்கும்போது வெற்றுச் சுவரை நோக்கி வைத்துச் செத்த புள்ளி இருக்கிறதா பார். நிலையான தழும்பு தெரிந்தால் யாரோ சூரியனைக் காட்டியிருக்கிறார்கள். சார்ஜ் துவாரத்தின் ரப்பர் மூடி கிழிந்திருந்தால் உள்ளே ஈரம் போயிருக்கும். கடைசியாக, ஆட்டோவில் இருபது நிமிடம் ஓடவிட்டு டக்கை எண்ணு. ஒருமுறையாவது படம் திரும்பி வராமல் சாம்பலாக நின்றால், ஷட்டர் போகப் போகிறது.