கேரவனுக்கு ஜன்னல், ஆனிங் போடப்போகிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள்: புதுச்சேரிக் கடை ஒன்று எங்களுக்குச் செய்தது

கேரவனுக்கோ கேம்பர் வேனுக்கோ ஜன்னலும் ஆனிங்கும் (பக்கவாட்டில் நிழலுக்கு விரிக்கும் துணிக்கூரை) போட புதுச்சேரி, கடலூர் பக்கம் கடை தேடிக்கொண்டிருப்பவர்கள் முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். புகார் நடந்துகொண்டிருப்பதால் கடையின் பெயரை இங்கே போடவில்லை. ஆனால் என்ன செய்தார்கள், அதை எப்படிக் கண்டுபிடித்தோம் என்பதை விவரமாகவே எழுதுகிறேன். இதே வேலையை வேறு போர்டு மாட்டிய கடையும் செய்யக்கூடும்.

எங்களுடையது ஜீப்புக்குப் பின்னால் மாட்டி இழுக்கும் சின்னக் கேரவன். இரும்புச் சட்டம், வெளியே ஏசிபி ஷீட் (இரண்டு அலுமினியத் தகட்டுக்கு நடுவே பிளாஸ்டிக் வைத்தது), உள்ளே பிளைவுட். கூண்டு வேலை வெளியூரில் முடிந்து வந்தது. பாக்கி இருந்தது நான்கு ஜன்னலும் பக்கவாட்டில் ஒரு ஆனிங்கும்தான். விழுப்புரம் சாலையில் கேரவன் ஸ்பெஷலிஸ்ட் என்று பெரிதாக எழுதிப்போட்டிருக்கும் ஒரு கடையில் பேசினோம். மூன்று ஸ்லைடிங் ஜன்னல், எல்லாம் டஃபன்ட் கிளாஸ், அதாவது சூட்டில் பதப்படுத்திய பாதுகாப்புக் கண்ணாடி. சமையல் மேடைக்கு மேலே வெளிப்பக்கமாகத் தூக்கித் திறக்கும் இரட்டை அக்ரிலிக் (கண்ணாடி மாதிரித் தெளிவான பிளாஸ்டிக்) ஜன்னல் ஒன்று. 10 அடி ஆனிங், வெயிலில் நிறம் போகாத, அக்ரிலிக் நூலில் நெய்த துணி. ஸ்க்ரூ, கீல் எல்லாம் 304 கிரேடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். மொத்தம் 1,65,000 ரூபாய். இதெல்லாம் கடைக்காரரே வாட்ஸப்பில் எழுதி அனுப்பியது. "ஃபெஞ்சலே திரும்பி வந்தாலும் ஒரு சொட்டு உள்ள வராது சார்" என்று வேறு சொன்னார். 2024 நவம்பர் 30-ம் தேதி ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டிய ஊர் இது. அந்தத் தண்ணீரில் நின்றவர்களிடம் அந்தப் புயலின் பெயரைச் சொல்லி வியாபாரம் செய்தார் என்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

முதலில் கண்ணாடி. அதுதான் உயிர் சம்பந்தப்பட்டது.

மரக்காணம் பக்கம் ஈசிஆரில் வந்துகொண்டிருந்தோம். ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியதும் பின்னால் ஏதோ நொறுங்கிய சத்தம். ஓரம்கட்டிக் கேரவன் கதவைத் திறந்தால், கட்டிலுக்கு மேலே இருந்த ஜன்னலின் ஒரு பக்கக் கண்ணாடி தடத்தை விட்டு எகிறி, உடைந்து படுக்கையில் கிடந்தது. ஒரு முழ நீளத் துண்டு ஒன்று, நுனி கூராக, தலையணைக்குள் இறங்கி நின்றது. என் மனைவி கொஞ்ச நேரம் பேசவேயில்லை. அப்புறம், "ஏங்க, பேரப்பிள்ளைய இதுலதான படுக்க வைக்கிறதா இருந்தோம்?" என்றாள்.

டஃபன்ட் கிளாஸ் அப்படி உடையாது. 600 டிகிரிக்கு மேல் சூடாக்கி, சட்டென்று காற்று ஊதிக் குளிர்விக்கிற கண்ணாடி அது. உடைந்தால் பட்டாணி பட்டாணியாக உதிரும். கத்தி மாதிரித் துண்டு வராது. மோட்டார் வாகனங்களின் ஜன்னலுக்குப் பாதுகாப்புக் கண்ணாடிதான் போட வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளில் 100-வது விதி சொல்கிறது. அதற்கான இந்தியத் தரம் ஐஎஸ் 2553, இரண்டாம் பகுதி. முதல் பகுதி கட்டடங்களுக்கானது. இந்த வித்தியாசம் முக்கியம். தரமான கண்ணாடியில் ஒரு மூலையில் தயாரிப்பாளர் பெயரோடு இந்த எண்ணும் கண்ணாடியிலேயே பதிந்திருக்கும். நகத்தால் சுரண்டினால் போகாது. ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் நம்பாதீர்கள்.

கடைக்காரரிடம் கேட்டபோது, "மார்க்கு ஃப்ரேமுக்குள்ள போயிடுச்சு சார், வெளிய தெரியாது" என்றார். சரி, பார்த்துவிடலாம் என்று அவர் கண் முன்னாலேயே இன்னொரு ஜன்னலின் பீடிங்கை, அதாவது கண்ணாடியைப் பிடித்திருக்கும் ஓரப்பட்டையை, பிரிக்கச் சொன்னேன். நான்கு மூலையும் வெறுமையாக இருந்தது. ஓரத்தில் கட்டர் இழுத்த தடம் அப்படியே தெரிந்தது, விரல் வைத்தால் கீறும். டஃபன்ட் கிளாஸை அளவுக்கு வெட்டி, ஓரத்தைத் தேய்த்த பிறகுதான் சூளைக்குள் அனுப்புவார்கள். பதப்படுத்திய பிறகு அதை வெட்டவே முடியாது, வெட்டினால் மொத்தமும் உதிர்ந்துவிடும். இதைச் சொன்னதும் பேச்சு மாறியது. "அந்த சைஸுல டஃபன்ட் ஸ்டாக் இல்ல சார், இதுவும் ஸ்ட்ராங்கான கிளாஸுதான்." டஃபன்ட் கிளாஸுக்கான பணத்தை வாங்கிக்கொண்டு சொல்கிற பதில் இது.

பிரிக்காமலே பார்க்க ஒரு வழி இருக்கிறது. போலரைஸ்டு கூலிங் கிளாஸைப் போட்டுக்கொண்டு, வானம் பிரதிபலிக்கிற மாதிரி சாய்வாக நின்று கண்ணாடியைப் பாருங்கள். டஃபன்ட் கிளாஸில் பெரும்பாலும் வரி வரியாகவோ புள்ளி புள்ளியாகவோ நிழல் தெரியும். சாதாரணக் கண்ணாடியில் ஒன்றும் தெரியாது. இதை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள், ஆனால் சந்தேகம் வர இது போதும்.

கண்ணாடி ஏன் எகிறியது என்பது தனிக்கதை. போட்டிருந்தது வீட்டு ஜன்னலுக்கான அலுமினியம் செக்ஷன். வீட்டுச் சுவர் ஆடாது. கேரவனின் கூண்டு ஒவ்வொரு பள்ளத்திலும் முறுக்கிக்கொள்ளும். வீட்டு ஸ்லைடிங்கில் கண்ணாடியை மேலே தூக்கி, அடியை இழுத்துத் தடத்திலிருந்து எடுத்துவிடலாம். கழுவுவதற்கு அது வசதி. ஓடுகிற வண்டியில் அதே வசதிதான் ஆபத்து. மேல் தடத்தில் தூக்க முடியாதபடி தடுப்பு வேண்டும், அதிர்வில் விலகாத பூட்டு வேண்டும். இரண்டும் இல்லை. கனமும் ஒரு விஷயம். 5 மில்லிமீட்டர் கண்ணாடி ஒரு சதுர மீட்டருக்கு 12.5 கிலோ. அதே தடிமன் அக்ரிலிக் அதில் பாதிகூட வராது. ஐரோப்பாவில் கேரவன்களுக்கு அக்ரிலிக் ஜன்னல் அதிகம் போடுவதற்கு இந்த எடையும் ஒரு காரணம்.

எங்களுடைய அக்ரிலிக் ஜன்னல் உண்மையிலேயே நல்ல சரக்கு. வட்டத்துக்குள் ஆங்கில 'E' எழுத்து, பக்கத்தில் 43 என்ற எண்ணோடு ஐரோப்பிய முத்திரை தெளிவாக இருந்தது. அதையும் கெடுத்தார்கள். ஓரத்தில் வழிந்த சிலிக்கானைக் கடைப் பையன் தின்னர் தொட்டுத் துடைத்தான். மனைவி அப்போதே, "தம்பி, பிளாஸ்டிக்குல தின்னர் போடலாமா?" என்று கேட்டாள். "ஒண்ணும் ஆவாதும்மா" என்று முதலாளிதான் பதில் சொன்னார். சில நாட்களில் துடைத்த இடமெல்லாம் மயிரிழை மாதிரி வெடிப்பு ஓடியது. தின்னர், பெட்ரோல், ஸ்பிரிட் எதுவும் அக்ரிலிக் மேல் படக்கூடாது. சோப்புத் தண்ணீரும் மெல்லிய துணியும் போதும்.

அடுத்தது மழை. ஐப்பசி மழை, புயல்கூட இல்லை. காலையில் பார்த்தால் மெத்தை ஓரம் நனைந்திருந்தது, ஜன்னலுக்குக் கீழே பிளைவுட் உப்பியிருந்தது. ஸ்லைடிங் ஜன்னலின் அடித் தடத்தில் தண்ணீர் தேங்கத்தான் செய்யும். அது வெளியே வடிவதற்காக வெளிப்பக்கம் சின்னச் சின்ன ஓட்டை வைத்திருப்பார்கள். எங்கள் ஜன்னல்களில் ஒன்று தலைகீழாக மாட்டப்பட்டிருந்தது. வடிகால் ஓட்டை மேல் விளிம்பில் இருந்தது. மற்ற இரண்டில் ஓட்டை கீழேதான் இருந்தது, ஆனால் அதன் மேலும் சிலிக்கான் பூசி அடைத்திருந்தார்கள். தடம் நிறைந்து தண்ணீர் உள்பக்கம் வழிந்துவிட்டது. டெலிவரி எடுப்பதற்கு முன் தடத்தில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். வெளியே வடிய வேண்டும், அவ்வளவுதான்.

பூசிய சிலிக்கானும் சரியில்லை. பிதுக்கும்போது வினிகர் வாடை வந்தால் அது அமிலம் விடுகிற வகை. மீன் தொட்டிக்கெல்லாம் அதுதான். உலோகத்தின் மேல் அதைப் போட்டால் அரிக்கும். உலோகத்துக்கு வாடை குறைவான நியூட்ரல் வகை தனியாகக் கிடைக்கிறது. கேரவன் ஜன்னலில் வெளி விளிம்புக்கும் கூண்டுச் சுவருக்கும் நடுவே பியூட்டைல் டேப் வைத்து இறுக்குவதுதான் முறை. அது காய்ந்து கெட்டியாகாமல் வண்டி முறுக்கும்போது கூடவே நெளியும்.

இனி ஆனிங்.

தேவனாம்பட்டினம் சில்வர் பீச் பக்கம் நிறுத்தி, ஆனிங்கை விரித்து உட்கார்ந்திருந்தோம். மத்தியானத்துக்கு மேல் கடல்காற்று கூடும் என்பது அந்தப் பக்கத்தில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. காற்று ஏறுகிற மாதிரி தெரிந்ததும் சுருட்டிவிடலாம் என்று எழுந்தேன். கைப்பிடியைத் தொடுவதற்குள் மேல் பிராக்கெட் ஒன்று படாரென்று பிய்ந்து, குழாய், துணி, துணியைத் தாங்கும் ஆனிங் கை எல்லாமாக ஒரு பக்கம் சரிந்தது. அந்தப் பக்கம் யாரும் இல்லாததால் யாருக்கும் அடிபடவில்லை.

வண்டியைக் கடலூர் முதுநகருக்குக் கொண்டுபோனோம். துறைமுகத்துப் பக்கம் ஃபைபர் படகு வேலை பார்க்கிற பெரியவர் ஒருவர் வந்து பார்த்தார். ஷீட்டில் நான்கு ஸ்க்ரூ ஓட்டை இருந்தது. நான்குக்குள்ளும் ஏசிபியின் நடுவில் இருக்கும் கறுப்பு பிளாஸ்டிக்தான் தெரிந்தது, இரும்பு இல்லை. அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்து ஷீட்டின் மேல் நகர்த்தினார். ஏசிபியில் இருப்பது அலுமினியமும் பிளாஸ்டிக்கும், காந்தம் பிடிக்காது. பிராக்கெட் இருந்த இடத்துக்குக் கொஞ்சம் மேலே போனதும் டக்கென்று ஒட்டிக்கொண்டது. "இங்க ஓடுது பாருங்க சார் இரும்பு. ரெண்டு இஞ்ச் மேல ஏத்திப் போட்டிருந்தா யானை கட்டினாலும் நிக்கும். இவனுங்க தகட்டுல மாட்டி விட்டிருக்கானுங்க" என்றார்.

அதனால் ஆனிங் மாட்டும்போது கூடவே நில்லுங்கள். பிராக்கெட் வரும் இடத்தில் காந்தம் வைத்துப் பாருங்கள். அலுமினியச் சட்டமாக இருந்தால் கூண்டு கட்டியவரிடம் சட்டம் ஓடும் படத்தைக் கேட்டு வாங்கி, அதைப் பார்த்துத் துளை போடச் சொல்லுங்கள். துளை போட்டதும் துருவலைப் பார்த்தாலே உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

துணியும் அக்ரிலிக் இல்லை. நூலிலேயே சாயம் ஏற்றிய அக்ரிலிக் துணியில், வெட்டிய ஓரத்தில் ஒரு நூலை உருவி முறுக்கைப் பிரித்தால் உள்ளேயும் அதே நிறம் இருக்கும். எங்களுடையதில் மேலே பச்சைக் கோடு, உள்ளே வெள்ளை இழை. பிவிசி பூசிய தார்ப்பாய் ரகம். அந்த ரகம் மட்டம் என்று சொல்லவில்லை. தண்ணீர் இறங்காது, விலையும் குறைவு. ஈரத்தோடு சுருட்டி வைத்தால் பூஞ்சை பிடிக்கும், அதைப் பார்த்துக்கொண்டால் போதும். அக்ரிலிக் விலையை வாங்கிக்கொண்டு அதை மாட்டியதுதான் மோசடி. இன்னொன்று, கை வைத்த ஆனிங்கில் 10 அடி என்பது பெரும்பாலும் ஒரு கையின் நடுவிலிருந்து மறு கையின் நடுவரை. துணி அதைவிடச் சில அங்குலம் குறையும். நிழல் எவ்வளவு வேண்டும் என்று துணி அளவாகவே கேளுங்கள்.

மழையில் விரித்து வைப்பதானால் ஒரு பக்கக் கையைத் தாழ்த்தி வைக்க வேண்டும். ஒரு சதுர மீட்டர் துணியில் 5 சென்டிமீட்டர் தண்ணீர் தேங்கினால் 50 கிலோ. எங்களுக்கு வந்த ஆனிங்கில் கைகளைத் தனித்தனியாகத் தாழ்த்தவே முடியாது. கடை வாசலுக்குப் போடுகிற ரகம் அது.

ஸ்க்ரூ விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 304 என்று சொன்ன எல்லாம் காலாப்பட்டு உப்புக்காற்றில் சீக்கிரமே பழுப்பு வழிய ஆரம்பித்தன. "காந்தம் ஒட்டல பாருங்க, ஒரிஜினல் ஸ்டெயின்லெஸ்" என்று கடையில் செய்து காட்டினார்கள். மலிவான 202 கிரேடிலும் காந்தம் ஒட்டாது. பழைய உலோகம் வாங்கும் கடைகளில் 202-ஐயும் 304-ஐயும் பிரிக்க ஒரு சொட்டு மருந்து வைத்திருப்பார்கள், விட்டதும் நிறம் மாறும். எங்கள் ஸ்க்ரூக்களை அப்படித்தான் சோதித்தோம், 202. கடலோரத்தில் வண்டி வைத்திருப்பவர்கள் 304-க்கும் மேலே 316 கேட்டாலும் தப்பில்லை.

பில் கேட்டபோது, "பில்லு போட்டா ஜிஎஸ்டி சேரும் சார், உங்களுக்குத்தான் கூட ஆகும்" என்றார்கள். பரவாயில்லை என்று கேட்டு வாங்கினோம். வந்த பில்லில் 'ஜன்னல் வேலை, ஷேடு வேலை' என்று மட்டும் இருந்தது. கண்ணாடியின் வகை இல்லை, துணியின் பெயர் இல்லை, கிரேடு இல்லை. பின்னால் எதையும் கேட்க முடியாதபடி எழுதிய பில் அது. வாட்ஸப்பில் வந்த அந்தப் பட்டியலும் வங்கி வழியாகப் பணம் அனுப்பிய விவரமும்தான் இப்போது எங்கள் கையில் இருக்கும் ஆதாரம். நீங்கள் பில்லிலேயே எழுதச் சொல்லுங்கள்: கண்ணாடி ஐஎஸ் 2553 பகுதி 2, துணி இன்னது, ஸ்க்ரூ இன்ன கிரேடு என்று. எழுத மறுக்கிற கடையில் வேலை கொடுக்காதீர்கள்.

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தோம். 'வாடிக்கையாளர் சரியாகப் பயன்படுத்தவில்லை' என்று கடையிலிருந்து பதில் வந்தது. அதன் பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போயிருக்கிறோம். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பிரச்சினை ஏற்பட்ட நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போக வேண்டும். கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. 50 லட்சம் வரை மாவட்ட ஆணையமே விசாரிக்கும். கடை இருக்கும் ஊரில்தான் வழக்குப் போட வேண்டும் என்று இல்லை. நாம் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம். கடலூர்க்காரர்கள் புதுச்சேரியில் வாங்கியிருந்தால் இதைக் கவனித்துக்கொள்ளுங்கள். பொருளின் தரத்தில் தகராறு இருந்தால் ஆணையமே ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதிக்கலாம், அதனால் உடைந்த துண்டு எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

இப்போது ஜன்னல்களைப் புதிதாகச் செய்யக் கொடுத்திருக்கிறோம். கண்ணாடியை மூலை முத்திரையைப் பார்த்துத்தான் எடுத்தேன். ஆனிங்கை முதுநகர் பெரியவரே சட்டத்தில் பிடித்து மாட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

விழுப்புரம் சாலையில் இந்த மாதிரி ஒரு கடையில் கேரவன் வேலை கொடுத்து ஏமாந்தவர்கள் இருந்தால் எனக்குத் தனியாக எழுதுங்கள். ஒரே குறையுள்ள பல பேர் ஆணையத்தின் அனுமதியோடு சேர்ந்து ஒரே புகாராகக் கொடுக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. வண்டி இன்னும் கடைக்குள்தான் நிற்கிறது, பாக்கிப் பணம் கொடுக்கவில்லை என்பவர்கள், கண்ணாடி மூலையை இன்றைக்கே போய்ப் பாருங்கள்.