டெல்லியில் இலவச ஹெபடைடிஸ் சி சிகிச்சை: குழந்தைக்குத் திட்டமிடுபவர்களுக்கு எவ்வளவு உதவும்?

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். மருந்து அருமை. மையங்களின் நடைமுறை பரவாயில்லை. கடைசிப் பரிசோதனைக்கு மட்டும் நீங்களே காவல் இருக்க வேண்டும். குழந்தைக்குத் திட்டமிடும் பெண்ணுக்கு மாத்திரை டப்பாவை விட அந்தக் கடைசி ரிப்போர்ட்டுக்குத்தான் மதிப்பு அதிகம்.

ஹெபடைடிஸ் சி என்பது ரத்தம் வழியாகப் பரவி ஈரலைக் கெடுக்கும் வைரஸ் நோய். இங்கே பேசுவது அதற்குச் சிகிச்சை தரும் தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தைப் பற்றி. 2018 ஜூலை 28 அன்று தொடங்கியது. பரிசோதனையும் மருந்தும் இலவசம். சிக்கல் இல்லாதவர்களைச் சிகிச்சை மையங்களிலும், ஈரல் கெட்டிருப்பவர்களையும் முன்பு சிகிச்சை பலிக்காதவர்களையும் பெரிய மருத்துவமனைகளில் உள்ள மாதிரி சிகிச்சை மையங்களிலும் பார்க்கிறார்கள். ஆர்.கே. புரம், மயூர் விஹார், கரோல் பாக் பக்கம் இருக்கும் நம் தமிழர்களில் பலர் இது மத்திய அரசு ஊழியருக்கு மட்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படி இல்லை. அடையாள அட்டையும் கைபேசி எண்ணும் எடுத்துக்கொண்டு போய் ஓ.பி.டி. பர்ச்சி, அதாவது புறநோயாளிச் சீட்டு, போட வேண்டியதுதான்.

பலருக்கு இந்த நோய் இருப்பது தெரியவருவதே கருத்தரிப்பு மையத்தில்தான். ஐ.யு.ஐ., ஐ.வி.எஃப். போன்ற கருத்தரிப்புச் சிகிச்சைகளைத் தொடங்கும் முன் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி மூன்றையும் பார்ப்பார்கள். அதில் சி மட்டும் 'ரியாக்டிவ்' என்று வரும். அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு எந்த முடிவும் எடுக்க முடியாது. அது காட்டுவது ஆன்டிபாடியை, அதாவது வைரஸ் எப்போதோ உடம்புக்குள் வந்து போன தடத்தை. தொற்று வந்தவர்களில் 100-க்கு 15 முதல் 45 பேருக்கு மருந்தே இல்லாமல் ஆறு மாதத்துக்குள் வைரஸ் தானாகப் போய்விடுகிறது. இப்போது இருக்கிறதா என்று சொல்வது, ரத்தத்தில் வைரஸையே தேடும் எச்.சி.வி. ஆர்.என்.ஏ. பி.சி.ஆர். பரிசோதனை மட்டுமே. திட்டத்தில் அது இலவசம், வெளி லேபில் சில ஆயிரம் ஆகும். பி.சி.ஆர். இல்லாமல் மாத்திரை எழுதித் தரும் டாக்டரிடமிருந்து எழுந்து வந்துவிடலாம். வைரஸ் இருந்தால் கணவருக்கும் ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது. தம்பதிக்குள் உடலுறவு வழியாகப் பரவுவது மிக அரிது. ரேசர், பல் துலக்கும் பிரஷ், நகவெட்டி மட்டும் தனித்தனியாக இருக்கட்டும்.

வைரஸ் இருப்பது உறுதியானால் அடுத்து ஈரல் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். இதற்கு உடனே, ஈரலின் இறுக்கத்தை அளக்கும் ஃபைப்ரோஸ்கேனுக்கு ஓட வேண்டாம். சாதாரண ரத்தப் பரிசோதனையிலேயே கணக்குப் போடலாம். ஏ.எஸ்.டி., ஏ.எல்.டி. இரண்டும் ரிப்போர்ட்டில் இருக்கும் ஈரல் நொதிகளின் அளவுகள். வயதை ஏ.எஸ்.டி.யால் பெருக்குங்கள். பிளேட்லெட்டை (ஆயிரத்தில்) ஏ.எல்.டி.யின் வர்க்கமூலத்தால் பெருக்குங்கள். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் ஃபிப்-4 எண் கிடைக்கும். வயது 31, ஏ.எஸ்.டி. 62, ஏ.எல்.டி. 81, பிளேட்லெட் 2,10,000 என்று வைத்துக்கொள்வோம். 31 × 62 = 1922. 81-இன் வர்க்கமூலம் 9, அதை 210-ஆல் பெருக்கினால் 1890. விடை 1.02. இது 1.45-க்குக் கீழே இருந்தால் ஈரலில் பெரிய தழும்பு இருக்க வாய்ப்பு குறைவு. 3.25-ஐத் தாண்டினால் சிரோசிஸ், அதாவது ஈரல் இறுகிச் சுருங்கிய நிலை, இருக்கிறதா என்று துருவ வேண்டும். கணக்கில் வயது இருப்பதால் 35-க்குக் கீழே இந்த எண்ணை முழுதாக நம்ப முடியாது. சந்தேகம் இருந்தால் அப்போது ஃபைப்ரோஸ்கேன் எடுக்கலாம். அதற்கு மூன்று மணி நேரம் வெறும் வயிறு வேண்டும். காலை தோசையைச் சாப்பிட்டுவிட்டு நேரே போய்ப் படுத்தால் எண் கூடுதலாகக் காட்டி வீண் பயம் வரும்.

மருந்துக்கு வருவோம். 2013 கடைசியில் சோஃபோஸ்புவிர் அமெரிக்காவில் வந்தபோது 12 வாரத்துக்கு 84,000 டாலர். 2014-இல் இந்தியக் கம்பெனிகளுக்கு உரிமம் கிடைத்ததும் விலை பாதாளத்துக்கு விழுந்தது. இன்று அரசு அதை இலவசமாகத் தருகிறது. சிரோசிஸ் இல்லாதவருக்குத் திட்டத்தின் வழக்கமான ஜோடி சோஃபோஸ்புவிர் 400 மில்லிகிராம், டக்ளடாஸ்விர் 60 மில்லிகிராம், தினம் ஒரு வேளை, 12 வாரம். சிரோசிஸ் இருந்தால் சோஃபோஸ்புவிரும் வெல்படாஸ்விரும் சேர்ந்த ஒரே மாத்திரை. எது கொடுத்தாலும் நூறில் 95 பேருக்கு மேல் குணமாகிறது. தலைவலி, அசதி, லேசான குமட்டல் வரலாம். பலருக்கு அதுவும் வருவதில்லை. பத்தியம் கிடையாது. கீழாநெல்லியால் இந்த வைரஸ் போகாது. மாத்திரையோடு சேர்த்து அரைத்துக் குடிக்கவும் வேண்டாம்.

டப்பாவில் 28 மாத்திரை, ஈரத்தை உறிஞ்ச ஒரு சிறு பொட்டலம், இறுக்கமான மூடி. பொட்டலத்தைத் தூக்கிப் போடாதீர்கள். ஏழு நாள் பிளாஸ்டிக் பெட்டியில் மாத்திரைகளைப் பிரித்தும் வைக்காதீர்கள். 30 டிகிரிக்குக் கீழே வைக்கச் சொல்லியிருக்கிறது. மே மாத டெல்லியில் ஸ்கூட்டர் டிக்கியில் அரை மணி நேரம் இருந்தாலே அந்தக் கணக்கு தாண்டிவிடும். கூலர் ஓடும் அறையின் ஈரமும் ஆகாது. உள் அலமாரிதான் சரியான இடம்.

வெல்படாஸ்விர் எடுப்பவர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டியது அசிடிட்டி மாத்திரை. இந்த மருந்து உடம்பில் ஏற வயிற்றில் அமிலம் வேண்டும். காலையில் வெறும் வயிற்றில் பேன் 40 போடும் பழக்கம் நம் வீடுகளில் பாதிப் பேருக்கு இருக்கிறது. அதை 'மருந்து' என்ற கணக்கிலேயே சேர்ப்பதில்லை, டாக்டரிடம் சொல்வதும் இல்லை. இரண்டும் சேர்ந்தால் வெல்படாஸ்விர் சரியாக ஏறாது. ஜெலுசில், டைஜீன் மாதிரி திரவமென்றால் நான்கு மணி நேர இடைவெளி போதும். பேன் வகையை நிறுத்த முடியுமா என்று டாக்டரைக் கேட்டுவிட்டுத்தான் முதல் மாத்திரையைப் போட வேண்டும். டக்ளடாஸ்விர் ஜோடிக்கு இந்தத் தொல்லை இல்லை. வலிப்புக்குப் போடும் கார்பமசெபின், ஃபெனிடோயின், காசநோய்க்கான ரிஃபாம்பிசின் ஆகியவை எந்த ஜோடியோடும் சேரக் கூடாது. கவுன்டரில் பட்டியலைக் காட்டாமல் டப்பாவை வாங்கி வராதீர்கள்.

ஒரு வேளை மறந்துவிட்டால்? வெல்படாஸ்விர் மாத்திரைக்குக் கணக்கு இதுதான்: வழக்கமான நேரத்திலிருந்து 18 மணி நேரத்துக்குள் ஞாபகம் வந்தால் உடனே போடலாம். தாண்டிவிட்டால் அதை விட்டுவிட்டு மறுநாள் வழக்கம்போல ஒன்று. இரண்டாகச் சேர்த்துப் போடக் கூடாது. போட்ட மூன்று மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் இன்னொன்று போட வேண்டும். அப்படிப் போனால் கடைசியில் ஒன்று குறையும், முன்கூட்டியே மையத்தில் சொல்லி வையுங்கள்.

தொடங்கும் முன் செய்ய வேண்டியவை இரண்டு. ஒன்று, ஹெபடைடிஸ் பி பரிசோதனை. பி வைரஸ் உள்ளே பதுங்கியிருந்தால், சி போகும்போது அது கிளர்ந்தெழக் கூடும். பி இல்லை என்றால் தடுப்பூசியை அன்றே தொடங்கிவிடலாம். இரண்டாவது, கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்வது. சிகிச்சை முடியும் வரை காண்டம் உட்பட ஏதாவதொரு தடுப்பு தவறாமல் வேண்டும். இந்த மருந்துகள் குழந்தைக்குக் கெடுதல் என்று நிரூபணம் ஆனதால் இப்படிச் சொல்லவில்லை. கர்ப்பிணிகளிடம் போதுமான அளவு சோதிக்கப்படவில்லை என்பதே காரணம். இடையில் நாள் தள்ளிப்போனால் தானாக மாத்திரையை நிறுத்தவும் வேண்டாம், மறைக்கவும் வேண்டாம். அன்றே டாக்டரைப் பாருங்கள்.

ரிபாவிரின் கதை வேறு. அது கருவைச் சிதைக்கும் மருந்து. சிரோசிஸ் முற்றிய நிலையில் சிலருக்குச் சேர்த்துக் கொடுப்பார்கள். மனைவி எடுத்தாலும் கணவர் எடுத்தாலும், கடைசி மாத்திரைக்குப் பிறகு குறைந்தது ஆறு மாதம் கருத்தரிக்கக் கூடாது. பெண் எடுத்திருந்தால் ஒன்பது மாதம் என்று சொல்லும் குறிப்புகளும் உண்டு. மருந்துச் சீட்டில் 'ரிபாவிரின்' என்ற பெயர் இருந்தால் டாக்டரிடம் நேராகக் கேளுங்கள்: "நாங்க குழந்தைக்கு ட்ரை பண்றோம், இது இல்லாம முடியாதா?" பெரும்பாலும் மாற்று வழி இருக்கும்.

இனி நாட்காட்டி. சேவையில் மதிப்பெண் குறைவது இங்கேதான். ஜனவரி 5 அன்று தொடங்கினால் 84-ஆவது மாத்திரை மார்ச் 29. அன்று கவுன்டரில் சிரித்த முகத்தோடு அனுப்பிவிடுவார்கள், பலர் அதோடு வருவதை நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் குணம் என்று சொல்ல இன்னும் 12 வாரம் கழித்து, ஜூன் 21 அன்றோ அதற்குப் பிறகோ, மறுபடி பி.சி.ஆர். எடுக்க வேண்டும். எஸ்.வி.ஆர். 12 என்பது இதுதான். ஜூன் என்றால் பள்ளி விடுமுறை, தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் எப்போதோ டிக்கெட் போட்டாயிற்று. பயப்பட வேண்டாம். இந்தப் பரிசோதனை தாமதமானால் குற்றமில்லை, ஜூலையில் வந்து எடுக்கலாம். ஊருக்குப் போகும் அவசரத்தில் மே மாதமே எடுத்துவிடுவதுதான் தவறு. ஒளிந்திருக்கும் வைரஸ் மீண்டும் தலைகாட்ட அவகாசம் கொடுக்காமல் எடுத்த ரிப்போர்ட்டுக்கு மதிப்பில்லை. தேதியை யாரும் கூப்பிட்டு நினைவூட்டுவார்கள் என்று இருக்காதீர்கள், சமையலறைக் காலண்டரில் வட்டம் போடுங்கள்.

ரிப்போர்ட் கைக்கு வந்ததும் ஒரு வரியைத் தேடுங்கள்: 'டார்கெட் நாட் டிடெக்டட்'. எண்ணுக்கு முன்னால் சிறியது என்ற குறி (<) போட்டு, பக்கத்தில் 'டிடெக்டட்' என்று இருந்தால் அது வேறு. அளக்க முடியாத அளவு சொற்பமாக வைரஸ் இருக்கிறது என்று பொருள். 'நெகடிவ்தான், போங்க' என்று அதைத் தள்ளிவிடும் ஊழியர்களும் உண்டு. சில வாரம் கழித்து மறுபடி எடுக்கச் சொல்லுங்கள்.

ஆக மொத்தம் 24 வாரம். இந்த இடைவெளி வீணாகப் போக வேண்டியதில்லை. ஹெபடைடிஸ் பி ஊசி 0, 1, 6 மாதக் கணக்கு இதற்குள் கிட்டத்தட்ட அச்சாகப் பொருந்துகிறது. ரூபெல்லா எதிர்ப்புச் சக்தி இல்லாவிட்டால் எம்.எம்.ஆர். ஊசியும் போட்டுக்கொள்ளலாம், அதன் பிறகு ஒரு மாதம் கருத்தரிக்கக் கூடாது. ஃபோலிக் ஆசிட் 400 மைக்ரோகிராம், முயற்சி தொடங்கும் முன்பிருந்தே. தைராய்டு, சர்க்கரை, ஹீமோகுளோபின் எல்லாவற்றையும் இதிலேயே முடித்துவிடுங்கள்.

38, 39 வயதில் இருப்பவருக்கு ஆறு மாதம் என்பது சின்ன விஷயம் இல்லை. அவர்கள் எடை போட வேண்டிய எண் இது: சிகிச்சை இல்லாமல் கருத்தரித்தால் குழந்தைக்குப் போக வாய்ப்பு 100-இல் 5 அல்லது 6. தாய்க்கு எச்.ஐ.வி.யும் இருந்தால் ஏறக்குறைய இரட்டிப்பு. தொற்றிய குழந்தைகளிலும் கணிசமானோருக்குச் சில வருஷத்தில் தானாகப் போய்விடும், போகாவிட்டால் மூன்று வயதுக்கு மேல் மருந்து உண்டு. ஆனாலும் எங்கள் கருத்து, முதலில் சிகிச்சை என்பதே. சிரோசிஸ் இருந்தால் அதில் விவாதமே இல்லை. கர்ப்ப காலத்தில் உணவுக்குழாய் ரத்தநாளங்கள் வெடிக்கும் ஆபத்து இருப்பதால் முன்பே எண்டோஸ்கோபி பார்த்து வைக்க வேண்டும். சிரோசிஸ் உள்ளவர்களுக்கு மாதிரி சிகிச்சை மையம், அல்லது வசந்த் குஞ்ஜில் கல்லீரலுக்கென்றே இருக்கும் ஐ.எல்.பி.எஸ். மாதிரி இடம்தான் சரி. கணவருக்கு மட்டும் தொற்று என்றால் விஷயம் சுலபம். குழந்தைக்குத் தாய் வழியாகத்தான் போகும். ரிபாவிரின் மட்டும் இல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

தனியார் வழியில் என்ன லாபம்? வரிசை இல்லை, நேரம் மிச்சம், சில டாக்டர்கள் நிதானமாகப் பேசுவார்கள். மருந்து அதேதான். ஒரே மருந்துக்குக் கம்பெனிக்குக் கம்பெனி விலை மாறும், எழுதிக் கொடுத்த பெயரையே வாங்க வேண்டும் என்பதில்லை. பணத்துக்கு யோசிப்பவர் மருந்தை அரசிடம் வாங்கிக்கொண்டு, எஸ்.வி.ஆர். பரிசோதனையை மட்டும் வெளியே எடுத்தாலும் தப்பில்லை.

தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குப் போகிறவர்கள் டெல்லி ஃபைலை மறக்காமல் எடுத்துப் போங்கள். குணமான பிறகும் ஆன்டிபாடி ஆயுசுக்கும் இருக்கும். மதுரையிலோ திருநெல்வேலியிலோ பிரசவத்துக்கு முன் ஆன்டிபாடியை உடனே பார்க்கும் கார்டு டெஸ்ட் போட்டால் மறுபடி 'ரியாக்டிவ்' என்றுதான் வரும். உடனே தனி அறை, ஆபரேஷன் வரிசையில் கடைசி இடம், சிசேரியன் என்று பேச்சு போகும். ஹெபடைடிஸ் சி-க்காக மட்டும் சிசேரியன் தேவையில்லை, வைரஸ் இருப்பவர்களுக்கே தேவையில்லை. 'நாட் டிடெக்டட்' ரிப்போர்ட்டின் மூலத்தை முதல் விசிட்டிலேயே காட்டி, கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள். தாய்ப்பாலும் தாராளமாகக் கொடுக்கலாம். வைரஸ் போகாத தாயாக இருந்தால், காம்பு வெடித்து ரத்தம் கசியும் நாட்களில் மட்டும் நிறுத்தி வைத்தால் போதும்.

பிறந்த குழந்தைக்கு யாராவது ஆன்டிபாடி டெஸ்ட் எழுதினால் வேண்டாம் என்று சொல்லுங்கள். தாயின் ஆன்டிபாடி குழந்தையின் ரத்தத்தில் 18 மாதம் வரை இருக்கும், குணமான தாயின் குழந்தைக்கும் பாசிடிவ் என்று காட்டும். தாய்க்குக் கர்ப்பத்தின்போது வைரஸ் இருந்திருந்தால் இரண்டு மாதத்துக்குப் பிறகு பி.சி.ஆர்., இல்லையென்றால் 18 மாதத்தில் ஆன்டிபாடி. கர்ப்பத்துக்கு முன்பே குணமாகியிருந்தால் குழந்தை டாக்டரிடம் எஸ்.வி.ஆர். ரிப்போர்ட்டைக் காட்டுவதோடு சரி.