மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் வேலைக்குப் பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

சென்ற மாதம் என் அக்காள் மகள் தன் கைபேசிக்கு வந்த ஒரு விளம்பரத்தைக் காட்டினாள். பயிற்சியுடன் 100 சதவீத வேலை உத்தரவாதம், வீட்டிலிருந்தே மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் செய்து மாதம் 25,000 ரூபாய் வரை சம்பாதிக்கலாம், எந்தப் பட்டதாரியும் சேரலாம் என்று அதில் இருந்தது. “சித்தி, இது நீங்க பார்த்த வேலைதானே, நான் சேரட்டுமா?” என்று கேட்டாள். 2012-இல் திருச்சியில் என் கைக்கு வந்த துண்டறிக்கையிலும் ஏறக்குறைய இதே வாசகங்கள்தான் இருந்தன. அவற்றை நம்பிச் சேர்ந்து 18 மாதங்களை இழந்தேன். அப்பா வட்டிக்கு வாங்கிக் கொடுத்த பணத்தில் பெரும்பகுதியையும் இழந்தேன். அவளிடம் அன்று சொன்னதையெல்லாம், அவளைப் போல் யோசித்துக்கொண்டிருக்கும் மற்றப் பிள்ளைகளுக்காகவும் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த வேலையை நான் குறைத்துப் பேசவில்லை. அமெரிக்க மருத்துவர் ஒருவர் நோயாளியைப் பார்த்து முடித்ததும் தன் குறிப்பைக் குரலில் பதிவு செய்கிறார். அதை ஹெட்போனில் கேட்டு, கால் பெடலால் நிறுத்தியும் ஓட்டியும், அவர் சொன்னதை ஒரு எழுத்துப் பிசகாமல் தட்டச்சு செய்வதே எங்கள் பணி. விழுங்குவதில் வரும் சிரமம் டிஸ்ஃபேஜியா, பேச்சில் வரும் கோளாறு டிஸ்ஃபேசியா. காதில் விழும் வேறுபாடு ஒரே ஓர் ஒலிதான். காரை ஓட்டிக்கொண்டே பேசும் மருத்துவர், சாப்பிட்டுக்கொண்டே பேசும் மருத்துவர், வேறொரு தாய்மொழியின் வாடையோடு ஆங்கிலம் பேசும் மருத்துவர் என்று ஒவ்வொருவரையும் காது பழகுவதற்கு மாதக்கணக்காகும். அந்தப் பழக்கம் கைவந்த பிறகு இந்த வேலையை நான் உண்மையாகவே நேசித்தேன். அதனால்தான் அதன் பெயரைச் சொல்லி ஏமாற்றுவது எனக்குப் பொறுக்கவில்லை.

பயிற்சிக் கட்டணம் 30,000 ரூபாய் என்றார்கள், கட்டினோம். கையில் கிடைத்த ரசீது 8,000 ரூபாய்க்கு மட்டும், அதிலும் ‘புத்தகக் கட்டணம்’ என்று எழுதியிருந்தது. மீதிக்கு ரசீது கேட்டபோது, “கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சும்மா” என்றார் முதலாளி. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல்கள், பட்டச் சான்றிதழ், தட்டச்சு ஹையர் சான்றிதழ் ஆகிய நான்கின் அசலையும் ‘சரிபார்ப்புக்காக’ வாங்கி வைத்துக்கொண்டார்கள். இரண்டு ஆண்டுகளுக்குள் விலகினால் 50,000 ரூபாய் தருவதாக முத்திரைத் தாளில் நானும், ஜாமீனாக அப்பாவும் கையெழுத்திட்டோம். அந்த ஒப்பந்தத்தின் நகல் எங்களுக்குத் தரப்படவில்லை.

ஆறு மாதப் பயிற்சியின் மூன்றாம் மாதத்தில் நடந்ததை இன்றும் மறக்க முடியவில்லை. ‘பயிற்சிக் கோப்பு’ என்று என்னிடம் கொடுத்த ஒரு டிஸ்சார்ஜ் சம்மரியில், நோயாளி வீட்டுக்கு அனுப்பப்பட்ட தேதியை மருத்துவர் தெளிவாகச் சொன்னார். அது முந்தைய நாளின் தேதி. தவறுதலாகக் கலந்து வந்த கோப்பாக இருக்கும் என்று நினைத்து அடுத்ததைத் திறந்தேன். அதிலும் அதே தேதி. பக்கத்தில் இருந்த தோழியிடம் காட்டினேன். அவளுடைய கோப்புகளும் அப்படித்தான் இருந்தன. பணம் கட்டிப் படிக்க வந்த பதினோரு பேரும் மூன்று மாதங்களாக வாடிக்கையாளரின் உண்மையான கோப்புகளைச் சம்பளமில்லாமல் முடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தோம் என்பது அப்போதுதான் புரிந்தது. கேட்டதற்கு, “அனுபவம்தானே, அதுக்குத்தானே வந்தீங்க” என்றார்கள்.

சம்பளம் என்று வந்தபோது ஏமாற்று இன்னும் நுட்பமாக நடந்தது. இந்தத் தொழிலில் கூலி நாளுக்கு அல்ல, லைனுக்கு. தொழிலில் பெரும்பாலோர் ஏற்றுக்கொண்ட கணக்குப்படி, சொற்களுக்கு இடையிலுள்ள வெற்றிடங்களையும் சேர்த்து 65 எழுத்துகள் ஒரு லைன். எனக்குப் பேசிய கூலி லைனுக்கு 55 காசு. 65 எழுத்து என்றும் வாயால் சொன்னார்கள். வெற்றிடம் சேருமா சேராதா என்று கேட்க வேண்டும் என்பது அன்று எனக்குத் தெரியாது. ஒரு நாள் பின்னிரவில், நான் முடித்த அறுவைச் சிகிச்சைக் குறிப்பு ஒன்றை வேர்டில் திறந்து எண்ணிக்கையைப் பார்த்தேன். வெற்றிடத்துடன் 6,240 எழுத்துகள், அதாவது 96 லைன். வெற்றிடம் நீக்கினால் 5,265, அதாவது 81 லைன். மறுநாள் கணக்குத் தாளில் அந்தக் கோப்புக்கு எதிரே 81 என்று இருந்தது.

அன்றிலிருந்து ஒரு நோட்டுப் புத்தகம் போட்டு, முடித்த ஒவ்வொரு கோப்பின் எண்ணிக்கையையும் எழுதி வந்தேன். 2013 அக்டோபர் மாதம் என் நோட்டின்படி 14,820 லைன். அவர்கள் தாளில் 11,960. வெற்றிடத்தை விட்டது போக, சில மருத்துவர்கள் வழக்கமாகச் சொல்லும் மாறாத பத்திகளையும், ‘நார்மல்’ என்று பெயரிட்டு, கழித்திருந்தார்கள். ஆக 8,151 ரூபாய் வர வேண்டிய இடத்தில் 6,578 ரூபாய். அதிலும் தரக்குறைவு அபராதம் என்று 1,240 ரூபாயும், பி.எஃப். என்று 789 ரூபாயும் பிடித்துக்கொண்டு 4,549 ரூபாயைக் கையில் கொடுத்தார்கள். எந்தக் கோப்பில் என்ன பிழைக்காக அபராதம் என்பதை ஒருமுறைகூடக் காட்டியதில்லை. பி.எஃப். பற்றிப் பின்னர் அந்த அலுவலகத்துக்கே போய் விசாரித்தேன். என் பெயரில் கணக்கே இல்லை. பிடித்த பணம் முழுவதும் முதலாளியிடமே இருந்திருக்கிறது.

கோப்பு வராத நேரத்துக்குக் கூலி கிடையாது என்பதையும் விளம்பரம் சொல்லாது. அமெரிக்காவில் இரவாகும்போது நமக்குப் பகல் என்பது இந்தத் தொழில் இந்தியாவுக்கு வந்ததற்கு ஒரு காரணம். அவர்களுடைய திங்கட்கிழமை வேலை நம்முடைய செவ்வாய்க்கிழமை மலைபோல் வந்து குவியும்; ஞாயிறு, திங்களில் திரையைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்போம். வீட்டுக்குப் போகவும் விட மாட்டார்கள். வந்த கோப்புகளிலும் தெளிவாகப் பேசும் மருத்துவர்களுடையவை முதலாளிக்கு வேண்டியவர்களுக்குப் போய்விடும். செர்ரி பிக்கிங் என்று எங்களுக்குள் அதைச் சொல்வோம். புதியவர்களுக்கு எஞ்சுவது, பத்து நிமிடக் குரலைக் கேட்டு எழுத ஒன்றரை மணி நேரம் பிடிக்கும் கோப்புகள்தான்.

என்னைவிடக் கூலியில் குறைந்தவர் இருக்க முடியாது என்று நினைத்தது தவறு என்பதும் அங்கேயே தெரிந்தது. நாங்கள் நேரடியாக அமெரிக்க மருத்துவமனைக்கு வேலை செய்வதாக நம்பியிருந்தோம். உண்மையில் மருத்துவமனை ஓர் அமெரிக்க நிறுவனத்துக்குக் கொடுக்க, அது சென்னை நிறுவனம் ஒன்றுக்குக் கொடுக்க, அவர்களிடமிருந்து எங்கள் முதலாளி எடுத்திருந்தார். டார்கெட் முடியாத நாள்களில் அவர் அதே கோப்புகளை, எங்களைவிடக் குறைந்த கூலிக்கு ஊர்ப்புறத்தில் வீட்டிலிருந்து வேலை செய்யும் பெண்களுக்குச் சாதாரண மின்னஞ்சலில், நோயாளியின் பெயரோடும் பிறந்த தேதியோடும் அனுப்பிவந்தார். வாசலில் எங்கள் கைபேசியை வாங்கி வைத்துக்கொண்டு, நோயாளிகளின் தகவலைக் காக்கும் ஹிப்பா என்னும் 1996-ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டத்தின் பெயரைச் சொல்லி எங்களை மிரட்டியவரும் இதே மனிதர்தான்.

இப்படிக் கை மாறும் சங்கிலி எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு, நான் இந்த வேலைக்கு வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே சாட்சி இருந்தது. 2003 அக்டோபரில், கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் ஃபிரான்சிஸ்கோ மருத்துவ மையத்துக்குக் கராச்சியிலிருந்து ஒரு பெண் மின்னஞ்சல் அனுப்பினார். தனக்கு வர வேண்டிய கூலியை வாங்கித் தராவிட்டால் நோயாளிகளின் குறிப்புகளை இணையத்தில் வெளியிடப்போவதாக எழுதி, உண்மையான குறிப்புகளையும் இணைத்திருந்தார். மருத்துவமனை கலிஃபோர்னியாவிலேயே உள்ள ஒரு நிறுவனத்துக்குத்தான் வேலையைக் கொடுத்திருந்தது. அது ஃபுளோரிடாவுக்கும், அங்கிருந்து டெக்சாஸுக்கும், பிறகு கராச்சிக்கும் போயிருப்பதே அவர்களுக்குத் தெரியாது. அந்தப் பெண் செய்தது தவறு. நோயாளிகள் அவருக்கு எந்தத் தீங்கும் செய்யவில்லை. ஆனால் கூலி வராமல் யாரிடம் கேட்பது என்று தெரியாத அந்த நிலை எனக்குப் புரிகிறது. சங்கிலியின் கடைசியில் இருப்பவருக்கு மேலே யார் இருக்கிறார் என்பதே மறைக்கப்படுகிறது.

செலவைக் குறைக்க எங்கள் முதலாளி செய்த இன்னொரு காரியம் எனக்கு இன்றும் மனத்தை அறுக்கிறது. நாங்கள் எழுதியதை இரண்டாவது ஆள் குரலோடு ஒப்பிட்டுப் பார்க்கும் கியூ.ஏ. பிரிவில் ஆறு பேர் இருந்தார்கள். அதை இரண்டு பேராகக் குறைத்தார். அவசரக் கோப்புகள் சரிபார்க்கப்படாமலே போயின. கேட்காத இடத்தில் கோடு போட்டு விட்டுவிடுவதுதான் முறை; ஆனால் அந்த பிளாங்க்குக்கும் அபராதம் என்றதால் பலர் ஊகித்து நிரப்பினார்கள். அலபாமா மாநிலத்தில் 2008-இல் ஒரு பெண் நோயாளி இறந்ததற்கு, டிஸ்சார்ஜ் குறிப்பில் 8 யூனிட் இன்சுலின் 80 யூனிட் என்று பதிவானதே காரணம். அந்தக் குறிப்பு துணை ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு வந்து எழுதப்பட்டது. 2012-இல் அங்குள்ள ஜூரி, குடும்பத்துக்கு 14 கோடி டாலர் வழங்கத் தீர்ப்பளித்தது. ஒரு சுழியம் எத்தனை பெரியது என்பதை இரவு மூன்று மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் தட்டச்சு செய்யும் 21 வயதுப் பிள்ளைக்கு யாராவது சொல்லித் தர வேண்டும். எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

2014 தொடக்கத்தில் இரண்டு மாதச் சம்பளம் நின்றது. விலகுகிறேன் என்றபோது, 50,000 ரூபாயைக் கட்டிவிட்டுச் சான்றிதழைக் கொண்டுபோ என்றார்கள். ஐந்து பேர் சேர்ந்து காவல் நிலையத்தில் மனுக் கொடுத்து, மனுவைப் பெற்றுக்கொண்டதற்குத் தரும் சி.எஸ்.ஆர். ரசீது வாங்கினோம். அந்த ரசீதின் நகலைப் பதிவுத் தபாலில் அனுப்பிய பிறகு, ஐந்து வாரத்தில் என் மூன்று சான்றிதழ்கள் வந்தன. அசலைப் பிணையாக வைத்துக்கொள்ள அவர்களுக்கு உரிமை இல்லை என்று ஆய்வாளர் தொலைபேசியில் சொன்ன ஒரே பேச்சுக்கு, நாங்கள் பல மாதங்கள் கெஞ்சியும் திறக்காத அலமாரி திறந்தது. கட்டணத்துக்காக மாவட்ட நுகர்வோர் மன்றத்துக்குப் போனபோது, ரசீது இருந்த 8,000 ரூபாய் மட்டுமே திரும்பக் கிடைத்தது. மீதி 22,000 ரூபாய்க்குக் காட்டத் தாள் இல்லை.

பிறகு சென்னையில் ஒரு நிறுவனத்தில் சேர்ந்து நான்கு ஆண்டுகள் வேலை செய்தேன். அங்கே பயிற்சிக்குப் பணம் வாங்கவில்லை. பயிற்சிக் காலத்திலேயே உதவித்தொகை கொடுத்தார்கள். நிலையான அடிப்படைச் சம்பளம் உண்டு, டார்கெட்டைத் தாண்டினால் லைனுக்கு ஊக்கத்தொகை. கணக்கை மென்பொருளே காட்டும், நாமும் பார்க்கலாம். இந்த வேறுபாட்டின் அருமை 2017 ஜூன் மாதக் கடைசியில் புரிந்தது. நாட்பெட்யா என்ற கணினித் தாக்குதலால், நுவான்ஸ் நிறுவனத்தின் டிரான்ஸ்கிரிப்ஷன் தளம் முடங்கி, எங்களுக்குச் சில வாரங்கள் கோப்பே வரவில்லை. அடிப்படைச் சம்பளம் இருந்ததால் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது. லைன் கூலிக்கு மட்டும் வேலை செய்த என் பழைய தோழி அந்த மாதம் வளையலை அடகு வைத்தாள்.

இன்றைய நிலையையும் சொல்லிவிட வேண்டும். குரலை இப்போது பெரும்பாலும் கணினியே எழுத்தாக்கிவிடுகிறது. மனிதருக்கு மிஞ்சுவது அதைத் திருத்தும் வேலை. திருத்தும் லைனுக்குக் கூலி, தட்டச்சு செய்த லைனின் பாதி அளவுதான் எனக்குக் கிடைத்தது. மருத்துவரும் நோயாளியும் பேசுவதைக் கேட்டுத் தானே குறிப்பு எழுதும் மென்பொருள்களும் வந்துவிட்டன. இந்த நிலையில், தட்டச்சு தெரிந்தால் போதும், மாதம் 25,000 என்று சொல்லிப் பணம் வாங்குபவரிடம் விற்பதற்கு இருப்பது பயிற்சி மட்டுமே, வேலை அல்ல.

அப்படியும் ஒருவர் சேர விரும்பினால், ஒரு லைனுக்கு எத்தனை எழுத்து, வெற்றிடம் சேருமா, நார்மல் சேருமா, கோப்பு இல்லாத நாளுக்கு என்ன, திருத்தும் வேலைக்கு என்ன கூலி என்பதை எழுத்தில் கேளுங்கள். கோப்பு யாரிடமிருந்து வருகிறது, நீங்கள் எத்தனையாவது கை என்று கேளுங்கள். அசல் சான்றிதழைக் காட்டிவிட்டு அப்போதே திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். பி.எஃப். பிடித்தால் முதல் மாதமே பாஸ்புக்கில் பணம் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். கட்டும் ஒவ்வொரு ரூபாயையும் வங்கி வழியாகக் கட்டுங்கள், அதுவே ரசீது. ஏற்கெனவே ஏமாந்தவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் இல்லாமல் நாமே பேசலாம். ஆனால் இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும்.

என் தட்டச்சு ஹையர் சான்றிதழ் மட்டும் இன்றுவரை கைக்கு வரவில்லை. என்னோடு இருந்தவர்களில் இருவருக்குப் பட்டச் சான்றிதழே வரவில்லை என்று கேள்விப்பட்டேன். அவர்களுடைய எண்கள் இப்போது என்னிடம் இல்லை. 2012 முதல் 2014 வரை திருச்சியில் அந்த மாடியில் வேலை செய்த யாராவது இதைப் படித்தால் எனக்கு எழுதுங்கள். அன்று கொடுத்த மனு, சி.எஸ்.ஆர். ரசீது, நுகர்வோர் மன்றத்தில் தாக்கல் செய்த தாள்கள் எல்லாவற்றின் நகலும் பத்திரமாக இருக்கின்றன, அனுப்பி வைக்கிறேன்.