மட்டக்களப்பில் வால்வ் அம்ப் திருத்தக் கொடுத்தவர்கள் கவனத்துக்கு: முதலில் ஏர்த் வயரைப் பாருங்கள்

போன மாதம் பாடற்குழுப் பயிற்சியில் அக்காவின் மகன் என் கிற்றாரைத் தோளில் மாட்டிக்கொண்டு மைக்குக்குக் கிட்டப் போனான். உதடு மைக்கில் பட்டதுதான் தெரியும், "அம்மா" என்று அலறிக்கொண்டு பின்பக்கமாக விழுந்தான். 14 வயதுப் பிள்ளை. மேலுதட்டில் சின்னத் தீக்காயம், இடது கையில் இரண்டு நாள் விறைப்பு. இப்போது சுகமாக இருக்கிறான், கடவுளுக்கு நன்றி. அன்றைக்கு அந்தக் கரண்ட் வந்தது என்னுடைய அம்ப்பிலிருந்து, கிற்றாரின் சத்தத்தைப் பெருக்கும் பெட்டியிலிருந்து. இரண்டு கிழமைக்கு முன்னர்தான் நகரத்துக் கடையொன்றில் காசு கொடுத்துத் திருத்தி எடுத்துவந்திருந்தேன்.

கடையின் பெயரை எழுதவில்லை. ஆனால் அங்கே வேலை செய்வித்தவர்கள் இன்னும் இருப்பார்கள் என்பதால் நடந்ததை முழுதாகச் சொல்கிறேன்.

என்னுடையது 5 வாட் அம்ப். பழைய ரேடியோக்களில் இருந்தது போன்ற கண்ணாடிக் குழாய் வால்வ் இரண்டு, முன்னுக்கு ஒரு 12ஏஎக்ஸ்7, கடைசியில் ஒரு ஈஎல்84, ஒரேயொரு வொலியூம் குமிழ், அவ்வளவுதான். ஒற்றை 6வி6 வால்வோடு வந்த பழைய ஃபெண்டர் சாம்ப் அம்ப் போன்ற எளிமையான அமைப்பு. 5 வாட் காணாது என்பவர்கள் கல்லடியில் எங்கள் வீட்டுக்கு வந்து கேட்கலாம். குமிழை முக்கால்வாசி திருப்பினால் பக்கத்து வளவு நாய் எழும்பிவிடும். வால்வை அதன் எல்லைவரை தள்ளினால்தான் அந்தக் கரகரப்பு வரும். பெரிய அம்ப்பில் அதை எடுக்கப் போனால் ஊரே கூடிவிடும். சின்ன அம்ப்பில் ஓர் அறைக்குள்ளேயே எடுக்கலாம். அதனால்தான் எனக்கு அதில் அத்தனை ஆசை.

இரண்டு வேலை செய்ய இருந்தது. ஒன்று, மெல்லிய இரைச்சல். மற்றது, கடைசி வால்வுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் நிற்கும் அவுட்புட் ட்ரான்ஸ்போமர். அம்ப்போடு வந்தது சின்னது, தடித்த கம்பியை மீட்டினால் கீழ்ச்சத்தம் மெலிந்து போகும். டொரொண்டோவில் இருக்கிற சித்தப்பாவின் மகன் ஊருக்கு வரும்போது ஹம்மண்ட் 125ஈஎஸ்ஈ ஒன்றைத் துணிகளுக்கு நடுவில் வைத்துக் கொண்டுவந்து தந்தான். குவெல்ஃப் நகரத்துக் கனடாக் கம்பனி அது. ஒற்றை வால்வ் அம்ப்புக்கென்றே சுற்றிய, 15 வாட் தாங்கும் ட்ரான்ஸ்போமர். ஒற்றை வால்வில் நேர்மின்னோட்டம் எந்நேரமும் ட்ரான்ஸ்போமரின் முதற்சுற்று வழியாக ஓடிக்கொண்டே இருக்கும். உள்ளிரும்பில் சின்ன இடைவெளி விடாவிட்டால் இரும்பு காந்தத்தால் நிரம்பி அடிச்சத்தம் செத்துப்போகும். அந்த இடைவெளிக்காகவே இரும்பும் கூட வேண்டும், பாரமும் கூடும்.

எனக்கு ஈயம் பற்றவைக்கத் தெரியும். ஆனாலும் உள்ளே 300 வோல்ட் அளவில் நிற்கும், பிளக்கைச் சுவரிலிருந்து எடுத்த பிறகும் கண்டென்சர்களில் அது தேங்கிக் கிடக்கும் என்பதால் தெரிந்தவரிடம் கொடுப்போம் என்று நினைத்தேன். கடையில் திருத்துகிற பாஸ், என் அம்ப்பைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதென்ன, ரேடியோ மாதிரித்தானே. இரைச்சலையும் எடுத்து, பத்து வாட் ஆக்கித் தாறன்" என்றார்.

அந்த இடத்திலேயே நான் அம்ப்பைத் தூக்கிக்கொண்டு வந்திருக்க வேண்டும். ஈஎல்84 தன் தகட்டில் தாங்கக்கூடிய சூடு 12 வாட். இப்படி ஒற்றையாய் எந்நேரமும் எரியும் அமைப்பில் ஸ்பீக்கருக்குப் போவது அதில் பாதிக்கும் குறைவு. தயாரிப்பாளரின் தரவுத்தாளே 5.7 வாட் என்கிறது. ஒற்றை ஈஎல்84இலிருந்து பத்து வாட் தருவேன் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். வந்தாலும் பெரிய வித்தியாசமில்லை: வாட் இரட்டித்தால் கூடுவது 3 டெசிபெல் மட்டும்.

மூன்று கிழமை இழுத்தடித்து, 18,500 ரூபா வாங்கினார். பில் தரவில்லை. "புது வால்வ், புது கண்டென்சர், உங்கட ட்ரான்ஸ்போமர், எல்லாம் போட்டாச்சு." வீட்டில் போட்டுப் பார்த்தால் இரைச்சல் அறவே இல்லை. அந்த அமைதியில்தான் நான் ஏமாந்தேன். தடித்த கம்பி முன்னரைவிட மெலிவாகக் கேட்டது, பழகினால் சரிவரும் என்று விட்டுவிட்டேன். ஒருநாள் இரவு லைட்டை அணைத்துவிட்டுப் பார்த்தேன், ஈஎல்84இன் தகடு ஓரத்தில் மங்கலாகச் சிவந்து கிடந்தது. வால்வில் இழை ஒளிரலாம், தகடு சிவக்கக் கூடாது. இது எனக்குத் தெரியும். தெரிந்தும் அடுத்த ஞாயிறு அதைப் பயிற்சிக்குக் கொண்டுபோனேன். அதை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு பதறுகிறது.

பிள்ளைக்குக் கரண்ட் அடித்த மறுநாள் கல்முனைக்கு பஸ் ஏறினேன். ஈஎல்84 போட்ட பழைய ஜெர்மன், ஒல்லாந்து ரேடியோக்களை ஒருகாலத்தில் நாள்தோறும் திருத்திய ஒரு நானா அங்கே இருக்கிறார். கடையை மூடி எவ்வளவோ காலம், கை மட்டும் மறக்கவில்லை. ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, மற்றக் கையால் ஒரு ரெசிஸ்டரைப் பிடித்து, கண்டென்சர்களில் தேங்கியிருந்த கரண்டை முதலில் வடித்தார். பிறகு பிளக்கின் மூடியைத் திறந்தார். ஏர்த் முள்ளில் வயரே இல்லை. வயர் உறையோடு ஒட்ட வெட்டப்பட்டிருந்தது.

"இத ஆரு மனே செஞ்ச?"

சொன்னேன். தலையை மட்டும் ஆட்டினார்.

கரண்ட் வயர் தகரப் பெட்டிக்குள் நுழையும் துளையில் இருந்த ரப்பர் வளையத்தைத் திரும்பப் போடாமல் விட்டிருந்தார்கள். தகர விளிம்பு வயரின் தோலைச் சுரண்டியிருந்தது. கிற்றார் கம்பிகள் கேபிளின் உறை வழியாக அந்தத் தகரத்தோடுதான் சேர்ந்திருக்கின்றன. ஏர்த் இருந்திருந்தால் கசிந்த கரண்ட் மண்ணுக்குப் போயிருக்கும். மோசமாகக் கசிந்திருந்தால் ஃபியூஸ் போயிருக்கும். அது இல்லாததால் கம்பியில் நின்றது. மிக்ஸரோடு சேர்ந்த மைக் ஏர்த்தாகியிருந்தது. பிள்ளையின் கைக்கும் உதட்டுக்கும் நடுவில் வழி திறந்தது. அந்த மண்டபத்தின் பழைய வயரிங்கில் ட்ரிப் சுவிச்சும் கிடையாது. "தோல் இன்னுங் கொஞ்சம் போயிருந்தா..." என்று தொடங்கிய நானா முடிக்கவில்லை.

ஈஎல்84இன் கதோட்டில், வால்வில் ஓடும் கரண்டை மட்டுப்படுத்த இருந்த 270 ஓம் ரெசிஸ்டரைக் கழற்றி 130 போட்டிருந்தார்கள். ரேடியோவில் 130 சரி, அங்கே தகட்டுக்கு 250 வோல்ட்தான் போகும். என் அம்ப்பில் 280. நானா மீட்டரை வைத்தார்: ரெசிஸ்டரின் குறுக்கே 8 வோல்ட். 8ஐ 130ஆல் பிரித்தால் 61 மில்லிஅம்பியர். வால்வுக்குள் இருக்கும் திரைக்கம்பிக்குப் போவதைக் கழித்தாலும் தகட்டில் 14 வாட்டுக்கு மேல் வேகிறது. சிவந்ததற்கு அதுதான் காரணம். "புது வால்வ்" என்றார்களே, அதன் கண்ணாடியில் நான் முன்னர் பேனாவால் எழுதிய திகதியை அழித்த தடம் தெரிந்தது. என்னுடைய பழைய வால்வேதான்.

ஹம்மண்ட் இல்லை. அந்த இடத்தில் மஞ்சள் டேப் சுற்றிய, முதலில் இருந்ததைவிடச் சின்னதொரு ட்ரான்ஸ்போமர். உள்ளிரும்பில் இடைவெளியே விடாதது.

திரும்பிக் கடைக்குப் போனேன். ஏர்த்தைப் பற்றிக் கேட்டதற்கு, "அத வெட்டினாத்தான் இரைச்சல் போகும், எல்லாரும் அப்பிடித்தான் செய்யிற" என்றார் பாஸ். பிள்ளைக்கு நடந்ததைச் சொன்னேன், முகத்தைத் திருப்பிக்கொண்டார். ட்ரான்ஸ்போமரைக் கேட்டதற்கு, "நீங்க தந்தது அதுதான்." என்னிடம் பில்லும் இல்லை, கொடுக்கும்போது எடுத்த படமும் இல்லை. நுகர்வோர் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்குப் போன் எடுத்தால் என்னத்தைக் காட்டுவது?

இரைச்சலுக்கு நானா செய்தது இவ்வளவுதான்: இழைக்குப் போகும் 6.3 வோல்ட் வயர்கள் இரண்டிலிருந்தும் தகரத்துக்கு 100 ஓம் ரெசிஸ்டர் ஒவ்வொன்று, அந்த வயர்களை இறுக்கி முறுக்கியது, மின்வழங்கியில் ஒரு கண்டென்சர் கூட்டியது. ஏர்த் வயரைத் திரும்பப் பூட்டி, ரப்பர் வளையம் போட்டு, 270 ஓமையும் வைத்தார். சாமான் காசு மட்டும் எடுத்தார். இரைச்சல் கொஞ்சம் மிச்சமிருக்கிறது, இருக்கட்டும்.

இந்த ஒரு வருடத்துக்குள் மட்டக்களப்பில் அம்ப், மிக்ஸர், கீபோர்ட் எதையாவது திருத்தக் கொடுத்து, "இரைச்சல் எல்லாம் போயிற்று" என்று சந்தோசமாக வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இன்றைக்கே பிளக்கைச் சுவரிலிருந்து எடுத்து, மூடியைத் திறந்து பாருங்கள். மீட்டர் இருந்தால், பிளக்கைச் சுவரிலிருந்து எடுத்த பிறகு, ஏர்த் முள்ளுக்கும் அம்ப்பின் தகரத்துக்கும் இடையில் தொடர்பு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் சரிபண்ணும்வரை யாரையும் தொடவிடாதீர்கள், முக்கியமாகப் பிள்ளைகளை. கொடுக்கப் போகிறவர்கள் உள்பக்கத்தைப் படம் எடுத்துவிட்டுக் கொடுங்கள், கழற்றிய சாமான்களைத் திரும்பத் தரச் சொல்லிக் கேளுங்கள்.

ஹம்மண்ட் 125ஈஎஸ்ஈ ஒன்றை யாராவது உங்களிடம் விற்க வந்தால், அதைப் பூட்டும் தகட்டின் உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். ஊசியால் "க" என்று கீறியிருப்பேன்.