காரைக்குடில டெட் பேப்பர் 1 வீக்எண்ட் கிளாஸ்: கணக்குக்கும் வாசிப்புக்கும் மட்டுமே கூட போகலாம்

டி.எல்.எட் (தொடக்கக் கல்வி ஆசிரியர் டிப்ளமோ) முடிச்சுட்டு டெட், அதாவது ஆசிரியர் தகுதித் தேர்வு, பேப்பர் 1க்கு படிக்கிறவங்க நிறைய பேர் "காரைக்குடி பக்கம் எந்த சென்டர் நல்லா இருக்கு"ன்னு கேட்டுட்டே இருக்கீங்க, அதனால நான் போன சென்டர் பத்தி விவரமா எழுதுறேன். குறையும் சொல்லப்போறேன், அதனால பேர் போடல. பழைய பஸ் ஸ்டாண்ட்ல இருந்து நடக்குற தூரம், மாடி ரூம், சனி ஞாயிறு மட்டும் கிளாஸ். பள்ளத்தூர், கோட்டையூர், தேவகோட்டைல இருந்தெல்லாம் ஆளுங்க வர்றாங்க.

எங்க பேட்ச்ல பாதி பேர் என்ன மாதிரி இப்பதான் படிச்சு முடிச்சவங்க, மீதி பேர் ஏற்கனவே வேலைல இருக்குற டீச்சருங்க. 2025 செப்டம்பர் 1ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்துச்சுல்ல, ரிட்டயர்மெண்டுக்கு அஞ்சு வருஷத்துக்கு மேல இருக்குறவங்க ரெண்டு வருஷத்துக்குள்ள டெட் பாஸ் பண்ணணும்னு, அதுக்கப்புறம் அவங்களும் வந்து உக்காந்துட்டாங்க. பல வருஷம் கிளாஸ் எடுத்தவங்களுக்கு இது எவ்வளவு பெரிய மனக்கஷ்டம்னு பக்கத்துல இருந்து பார்த்தேன். ஆனா அவங்க பக்கத்துல உக்காந்து படிக்கிறது நமக்கு பெரிய லாபம், ஏன்னா சார் எந்த கணக்கு எடுத்தாலும் "எங்க ஸ்கூல்ல பிள்ளைங்க இப்படித்தான் தப்பு பண்ணும்"னு நெஜ உதாரணம் உடனே வந்துரும்.

எக்ஸாம் பத்தி தெரியாதவங்களுக்கு: பேப்பர் 1 ஒன்னாவதுல இருந்து அஞ்சாவது வரைக்கும் எடுக்குறவங்களுக்கு, மொத்தம் 150 கேள்வி, 150 மார்க். குழந்தை வளர்ச்சியும் கற்பித்தலும், தமிழ், இங்கிலீஷ், கணக்கு, சூழ்நிலையியல், ஒவ்வொன்னுலயும் 30. நிறைய சென்டர்ல கணக்குன்னா ஷார்ட்கட் தான், விடை எப்படி சீக்கிரம் கண்டுபிடிக்கிறதுன்னு மட்டும் சொல்லி அனுப்பிருவாங்க. இங்க அப்படி இல்ல.

கணக்கு சார் ரிட்டயர்ட் ஹெட்மாஸ்டர். முதல் கிளாஸ்லயே போர்டுல 52 − 27 = 35ன்னு எழுதிட்டு, "இந்தப் பிள்ளை என்ன நெனச்சிருக்கும் சொல்லுங்க"ன்னு கேட்டார். தப்புன்னு எல்லாருக்கும் தெரியுது, ஆனா ஏன் 35ன்னு சொல்லணும். பிள்ளை 2ல இருந்து 7 போகாதுன்னு 7ல இருந்து 2ஐ கழிச்சிருச்சு, பெருசுல இருந்து சிறுசு கழிக்கணும்னுதான் அதுக்கு மனசுல பதிஞ்சிருக்கு. அப்புறம் பையில இருந்து ஈர்க்குச்சி எடுத்தார், பத்து பத்தா ரப்பர் பேண்ட் போட்ட கட்டு அஞ்சு, உதிரி ரெண்டு. ஒரு கட்டை அவுத்து உதிரியோட சேர்த்து 12 ஆக்கி, அதுல 7 எடுத்து, மிச்ச நாலு கட்டுல ரெண்டு கட்டு எடுத்து, கைல 25 இருக்குன்னு காட்டினார். கட்டு அவுக்குறத பிள்ளை தன் கையால செஞ்சா போதும், அப்புறம் "பக்கத்துல கடன் வாங்கு"ன்னு நாம கத்த வேண்டியதே இல்ல. முந்நூத்தி அஞ்ச 3005ன்னு எழுதுறதும் இதே இட மதிப்பு பிரச்சனைதான். முதல்ல பொருள், அப்புறம் படம், கடைசியா எண், இந்த வரிசையைத்தான் உளவியலாளர் புரூனர் சொல்றார்னு பெடகாஜியில (கற்பித்தல் முறைப் பாடத்துல) மனப்பாடம் பண்ணியிருப்போம், அது என்னன்னு எனக்கு வெளங்குனது அந்த ஈர்க்குச்சி கட்டுலதான்.

வகுத்தல் அதுக்கு மேல. 12 மாம்பழத்த 3 பேருக்கு பங்கு போட்டா ஆளுக்கு எத்தனைங்கறது ஒரு வகை, 12 மாம்பழத்த ஆளுக்கு மூணு மூணா குடுத்தா எத்தனை பேருக்கு வரும்ங்கறது இன்னொரு வகை, ரெண்டுக்கும் விடை 4 தான் ஆனா பிள்ளை மனசுல ரெண்டும் வேற வேற கணக்கு. இது எதுக்கு முக்கியம்னா 1/2 ÷ 1/4 வரும்போது முதல் வகைய வச்சு பிள்ளைக்கு வெளக்குறது ரொம்ப கஷ்டம், கால் ஆளுக்கு எப்படி பங்கு போடுறது? ரெண்டாவது வகைல கேட்டா, அரை லிட்டர் பால்ல கால் லிட்டர் பாக்கெட் எத்தனை போடலாம்னு, நாலாவது படிக்கிற பிள்ளையே ரெண்டுன்னு சொல்லிரும். தலைகீழா மாத்தி பெருக்குங்கற விதிய இவ்வளவு நாள் ஒப்பிச்சுட்டு மட்டும் இருந்தோம்னு அங்க உக்காந்திருந்த டீச்சருங்களே சொன்னாங்க.

பின்னத்துல ஒரு நாள் ரொம்ப நல்லா இருந்துச்சு. எங்க பேட்ச்ல கானாடுகாத்தான்ல இருந்து ஒரு ஆச்சி வருவாங்க, அவங்க அப்பா காலத்து கணக்கு நோட்டெல்லாம் வீட்ல பார்த்து வளர்ந்தவங்க. காலுக்கு பாதி அரைக்கால், அரைக்காலுக்கு பாதி மாகாணின்னு அந்தக் காலத்து பின்னப் பேரெல்லாம் அவங்க சொல்ல, சார் உடனே ஒரு பேப்பர எடுத்து "ஆச்சி நீங்க சொல்லுங்க, நான் மடிக்கிறேன்"னார். ஒரு மடிப்பு 1/2, அடுத்தது 1/4, அப்புறம் 1/8, அப்புறம் 1/16. பிரிச்சுப் பார்த்தா பதினாறு கட்டம். கீழ இருக்குற எண் பெருசாக ஆக துண்டு சின்னதாகுதுன்னு கண்ணுக்கு முன்னாடி தெரியுது. 1/3ஐ விட 1/4 பெருசுன்னு சொல்ற பிள்ளைக்கு இத விட நல்ல மருந்து கிடையாது. 1/2 + 1/3 = 2/5ன்னு போடுற பிள்ளையையும் திட்ட வேணாம், "2/5 அரைய விட பெருசா சிறுசா, அரையோட இன்னும் கொஞ்சம் சேர்த்தா குறையுமா"ன்னு மட்டும் கேளுங்கன்னார்.

பரப்பளவு, சுற்றளவுக்கு ஆத்தங்குடி கல்லு, தரைல பதிக்கிற சதுரக் கல்லு. வீடு கட்டுறப்ப மிஞ்சின 12 கல்ல தரைல போட்டு அடுக்கச் சொன்னார். 3க்கு 4ன்னு அடுக்குனா சுற்றளவு 14 கல் நீளம், 2க்கு 6ன்னா 16, ஒரே வரிசையா வச்சா 26. கல்லு அதே பன்னெண்டுதான், பரப்பு மாறல. ரெண்டையும் போட்டுக் குழப்புறது பிள்ளைங்க மட்டும் இல்ல, பெரியவங்களும்தான்.

வாசிப்பு கிளாஸ் எடுக்குற தமிழ் மேடம் இதுக்கும் ஒரு படி மேல. முதல் நாள் ஒரு பழைய கடன் பத்திரம் ஜெராக்ஸ் குடுத்து சத்தமா படிக்கச் சொன்னாங்க. எல்லாரும் தடங்கல் இல்லாம படிச்சோம், "என்ன எழுதியிருக்கு"ன்னு கேட்டா ஒருத்தருக்கும் பதில் இல்ல. எழுத்துக்கூட்டி படிக்கிறது ஒன்னு, புரியுறது ஒன்னு. கஃப், டன்மர்னு ரெண்டு ஆராய்ச்சியாளருங்க 1986ல சொன்னது, வாசிப்புங்கறது இது ரெண்டையும் பெருக்கி வர்றது, கூட்டி வர்றது இல்ல. ஒன்னு சைபர்னா மொத்தமும் சைபர். நம்ம ஸ்கூல்ல ரெண்டாவதுல பிள்ளை பாடத்த கடகடன்னு ஒப்பிச்சா "நல்லா வாசிக்குது"ன்னு விட்டுர்றோம், அந்தப் பிள்ளைதான் நாலாவதுல கணக்குக் கேள்வியே புரியாம முழிக்குது.

தமிழ் எழுத்துல எங்க எங்க பிள்ளை தடுக்கும்னு மேடம் பிரிச்சு பிரிச்சு காட்டினாங்க. 'கொ' எழுதும்போது கொம்பு முன்னாடி வருது, கால் பின்னாடி வருது, ஆனா சத்தம் அந்த வரிசைல இல்ல. கல், தங்கம், பகல், மூணுலயும் அதே க, சத்தம் மூணு விதம். எழுத்து அறிமுகத்துக்கு முன்னாடி காதுக்கு பயிற்சி குடுங்கன்னு சொல்வாங்க, 'பல்'லுல ப்-ஐ எடுத்துட்டு க் போட்டா என்ன வரும்னு வாயாலயே வெளயாட்டு, நோட்டு பென்சில் எதுவும் வேணாம். இன்னொன்னு, பிள்ளை வீட்ல "அம்மா கடைக்குப் போனாங்க"ன்னு பேசுது, புத்தகத்துல "அம்மா கடைக்குச் சென்றார்"னு இருக்கு. படிச்சத பிள்ளை தன் பேச்சுலயே திருப்பிச் சொல்லட்டும், அங்க போய் திருத்தாதீங்க, புரிஞ்சுச்சான்னு தெரிய அது ஒன்னுதான் வழின்னாங்க. நான் எங்க அக்கா மகன் கிட்ட செஞ்சு பார்த்தேன், புத்தகத்துல இல்லாததையும் சேர்த்து கதையா சொன்னான்.

தொடக்கப் பள்ளிப் பிள்ளைங்களுக்கு தமிழ்நாடு அரசு 2022ல ஆரம்பிச்ச எண்ணும் எழுத்தும் திட்டத்துல அரும்பு, மொட்டு, மலர்னு நிலை பிரிக்கிறாங்கல்ல, ஒரு பிள்ளை எந்த நிலைன்னு எழுத்து, சொல், பத்தி, கதைன்னு படிப்படியா வாசிக்க வச்சு எப்படி பாக்குறதுன்னும் செஞ்சு காட்டினாங்க. வேலைக்குப் போன முதல் நாளே இது கைகுடுக்கும்.

இப்ப குறை. இங்கிலீஷ் கிளாஸ் ரொம்ப வீக். 26 எழுத்துல கிட்டத்தட்ட 44 சத்தம் வருது, அத எப்படி சின்னப் பிள்ளைக்கு சொல்லிக்குடுக்குறதுன்னு ஒரு வார்த்தை இல்ல, கிராமர் கேள்வி மட்டும் போட்டுட்டு போயிர்றாங்க. தமிழ்ல இவ்வளவு நல்லா செஞ்ச இடத்துல இது ஏமாத்தம்தான். சூழ்நிலையியல் மெட்டீரியல் ஜெராக்ஸ்க்கு ஜெராக்ஸ், பாதி பக்கம் மங்கல், அதுக்குத் தனியா காசு வேற. நேரம் வச்சு எழுதுற மாடல் டெஸ்ட் கம்மி, ஸ்பீடு வேணும்னா வீட்ல நீங்களே கடிகாரம் வச்சு பழைய கேள்வித்தாள் போடணும். சித்திரை வெயில்ல அந்த மாடி ரூம்ல மதியம் உக்காரவே முடியல, ஃபேன் ரெண்டுதான் ஓடுது.

ஃபீஸ் மத்த சென்டரோட ஒப்பிட்டா கொஞ்சம் கூடதான், ரெண்டு தவணைல கட்ட விடுறாங்க. வெறும் விடை டெக்னிக் மட்டும் போதும்னு நெனக்கிறவங்களுக்கு இந்த இடம் பொறுமைய சோதிக்கும், எங்க பேட்ச்லயே சில பேர் பாதில நின்னுட்டாங்க. சேரணும்னு நெனச்சா பணம் கட்டுறதுக்கு முன்னாடி ஒரு கிளாஸ் சும்மா உக்காந்து பாக்கலாம், கேட்டா விடுவாங்க. ஞாயித்துக்கிழமை காலைல போங்க, அப்பதான் கணக்கும் தமிழும் அடுத்தடுத்து இருக்கும். மெட்டீரியல் வாங்குறப்ப அங்கயே நின்னு பக்கத்த புரட்டிப் பாத்து வாங்குங்க, மங்கலா இருந்தா மாத்திக் குடுக்குறாங்க.